நீலகிரியில் உறைபனிக் காலத்தைச் சிக்கனமாகக் கழிக்க

நீலகிரியில் நவம்பர் மாதம் நீர்ப்பனி விழத் தொடங்கினால், அடுத்து உறைபனி வரப்போகிறது என்று பொருள். பிப்ரவரி வரை நீடிக்கும் இந்தக் காலத்தில் மின்சாரம், சமையல் எரிவாயு, விறகு ஆகிய மூன்றின் செலவும் ஒரே சமயத்தில் ஏறுவதால், ஜனவரி மாதக் குடும்பக் கணக்கு பலரைத் திகைக்க வைத்துவிடுகிறது. சமவெளியிலிருந்து மாற்றலாகி வந்து, முதல் குளிர்காலத்தை இங்கே கழிக்கப்போகிறவர்களுக்கு இது இன்னும் கடினம். குளிர் வந்த பிறகு கடைக்கு ஓடி ஹீட்டர் வாங்குவதைவிட, மழை ஓயும் இடைவெளிகளில் வீட்டைச் சரிசெய்துகொள்வது மிகவும் மலிவானது. ஆகவே இங்கே சொல்லப்படும் வேலைகளில் பெரும்பாலானவற்றை அக்டோபரிலேயே தொடங்கிவிட வேண்டும்.

முதலில் ஹீட்டரைப் பற்றிப் பேசிவிடுவோம், ஏனென்றால் பணம் அதிகம் கரைவது அதில்தான். 2000 வாட் ஹீட்டர் ஒன்றை மாலை ஆறு மணி முதல் பத்து மணி வரை எரியவிட்டால் ஒரு நாளைக்கு 8 யூனிட், அறுபது நாளைக்கு 480 யூனிட் ஆகிறது. பயன்பாடு ஏற ஏற ஒரு யூனிட்டின் விலையும் படிப்படியாக ஏறும் கட்டண முறையில், இந்த 480 யூனிட்டும் விளக்கு, குளிர்சாதனப் பெட்டி, கெய்சர் ஆகியவற்றின் கணக்குக்கு மேலே போய் உட்காருவதால், அதிக விலைப் படியில்தான் கணக்கிடப்படும். இதற்கு எதிராக, இரண்டு லிட்டர் வெந்நீர்ப் பை ஒன்றை நிரப்பத் தேவையான நீரை மின்கெட்டிலில் சூடாக்க 0.15 யூனிட் அளவே ஆகிறது. படுக்கப் போவதற்குக் கால் மணி நேரம் முன்பு அந்தப் பையைப் போர்வைக்குள், கால் வரும் இடத்தில் வைத்துவிட்டால், படுக்கும்போது மெத்தை கதகதப்பாக இருக்கும்; நள்ளிரவு தாண்டியும் சூடு ஓரளவு நிற்கும். கொதிநீரை அப்படியே ஊற்றாமல் சற்று ஆறவிட்டு, முக்கால் பங்கு மட்டும் நிரப்பி, உள்ளே இருக்கும் காற்றை அழுத்தி வெளியேற்றிய பின் மூடியைத் திருகி, ஒரு துண்டில் சுற்றி வைக்க வேண்டும். கைக்குழந்தைகளுக்கும், சர்க்கரை நோயால் பாதங்களில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கும் இதைப் பயன்படுத்தக் கூடாது. சூடு அதிகமாக இருந்தாலும் அவர்களுக்குத் தெரியாமல் போய்விடும்.

அறை முழுவதையும் சூடாக்க முயல்வதைவிட ஆளைச் சூடாக வைத்துக்கொள்வதே இங்கே கட்டுப்படியாகும். ஒரே ஒரு தடித்த ஸ்வெட்டரைவிட, பனியனுக்கு மேல் முழுக்கைச் சட்டை, அதற்கு மேல் மெல்லிய ஸ்வெட்டர் என அடுக்காக அணிவது நல்லது. உதகையில் தாவரவியல் பூங்காவுக்குப் போகும் சாலையில் இருக்கும் திபெத்தியர் சந்தையில் நல்ல கம்பளி உடைகள் கிடைக்கும். சுற்றுலாக் கூட்டம் நிறைந்திருக்கும் நாட்களைத் தவிர்த்துவிட்டுப் போனால் நிதானமாகப் பார்த்து வாங்கலாம். படுக்கையைப் பொறுத்தவரை, மேலே மூன்று கம்பளிகளைப் போர்த்திக்கொண்டு கீழே மெல்லிய மெத்தையில் படுப்பவர்களைப் பார்க்கிறேன். உடலின் சூடு கீழ்ப்பக்கமாகவும் போகும் என்பதால், அந்த மூன்றில் ஒன்றை மெத்தைக்கு மேலே விரித்து அதன்மீது படுப்பது உடனே பலன் தரும்.

எழுபது வயதைத் தாண்டியவர்கள், பிறந்து சில மாதங்களே ஆன குழந்தைகள், மூச்சுக் கோளாறு உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் மட்டும் இந்தச் சிக்கனம் பொருந்தாது. அங்கே ஹீட்டர் தேவைதான். குறிப்பிட்ட வெப்பம் வந்ததும் தானாக நின்றுகொள்ளும் எண்ணெய் நிரப்பிய ஹீட்டராகப் பார்த்து, வீட்டிலேயே சிறிய அறையை அவர்களுக்கு ஒதுக்கி, கதவைச் சாத்திவைத்துப் பயன்படுத்தினால் செலவு அடங்கும். எக்ஸ்டென்ஷன் பலகையில் செருகாமல் பவர் பிளக்கில் நேராகச் செருக வேண்டும்.

இனி வீடு. இங்கே தகரக் கூரை வீடுகளும் ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீடுகளும் அதிகம். மேகமற்ற இரவில் கூரை தன் சூட்டை வானத்துக்கு இழந்து, வெளிக்காற்றைவிடவும் குளிர்ந்துபோகும். அறையில் நாம் உண்டாக்கும் சூடான காற்று மேலே எழுந்து, அந்தக் குளிர்ந்த தகரத்தைத் தொட்டு வீணாகிறது. முறையான ஃபால்ஸ் சீலிங் போட வசதி இருந்தால் போட்டுவிடலாம். இல்லாவிட்டால், படுக்கையறையில் மட்டுமாவது கூரைக்கு ஓரடி கீழே கயிறு கட்டி, பழைய ஜமுக்காளத்தையோ கனத்த துணியையோ இழுத்துக் கட்டிவிட வேண்டும். நடுவில் அடைபட்டு நிற்கும் காற்றே தடுப்பாக இருந்து சூட்டைக் காக்கும். விறகடுப்பு எரியும் சமையலறையில் மட்டும் இதைச் செய்யக் கூடாது.

அடுத்தது இடுக்குகள். காற்று வீசும் ஒரு மாலையில் கதவு, ஜன்னல்களைச் சாத்திவிட்டு, ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திக்கொண்டு சட்டங்களின் ஓரமாக மெதுவாக நகர்த்திப் பாருங்கள். நேராக மேலே போகும் புகை எங்கே சட்டென்று உள்நோக்கி வளைகிறதோ, அங்கே குளிர்காற்று நுழைகிறது. கதவின் அடிப்பகுதி, சுவரும் கூரையும் சேரும் இடம், மின்கம்பி உள்ளே வரும் துளை ஆகிய மூன்றிலும் அநேகமாகப் புகை வளையும். கதவடிக்கு, பழைய பேண்ட்டின் காலை வெட்டி மணலோ மரத்தூளோ அடைத்துத் தைத்த உருளை போதும். ஜன்னல் சட்டத்துக்கு ஹார்டுவேர் கடையில் ரப்பர் பீடிங் கிடைக்கும். கூரை இடுக்கில் சாக்குத் துணியைத் திணிக்கலாம். ஆனால் எரிவாயு அடுப்போ விறகடுப்போ எரியும் அறையில் காற்றுப் போக ஒரு வழி எப்போதும் திறந்திருக்க வேண்டும்.

டிசம்பர், ஜனவரியில் சூரியன் நண்பகலிலும் தெற்கே சாய்ந்தே இருக்கும். எனவே தெற்குப் பார்த்த ஜன்னல்களின் திரைகளைக் காலை ஒன்பது மணிக்கெல்லாம் விலக்கிவிட்டு, வெயில் தரையில் விழும்படி விட வேண்டும். மூன்றரை, நான்கு மணிக்குத் திரையை மூடிவிட வேண்டும். இருட்டிய பிறகு மூடினால் பயன் குறையும், பகலில் வந்த சூட்டில் ஒரு பகுதி அதற்குள் கண்ணாடி வழியாக வெளியே போயிருக்கும். இரண்டு பழைய பருத்திப் புடவைகளைச் சேர்த்துத் தைத்த திரை, கடையில் விற்கும் மெல்லிய திரையைவிட நன்றாகக் குளிரைத் தாங்கும். வாடகைக்கு வீடு பார்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: குளிர்ந்த காற்று கனமானது என்பதால், இரவில் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். உதகையை ஒட்டிய காந்தல், தலைகுந்தா போன்ற தாழ்வான இடங்களில் புல்வெளி வெள்ளையாக உறைந்து கிடக்கும் காலையில், சற்று மேட்டில் இருக்கும் வீட்டு வாசலில் வெறும் நீர்ப்பனிதான் இருக்கும். வாடகை சில நூறு ரூபாய் கூடுதலாக இருந்தாலும், காலை வெயில் படும் மேட்டு வீடே முடிவில் மலிவாக அமையும்.

குளியல் வெந்நீருக்கு வருவோம். 15 லிட்டர், 2000 வாட் கெய்சரில் 14 டிகிரியில் இருக்கும் நீரை 50 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 20 நிமிடமும் 0.6 யூனிட்டுக்குச் சற்றுக் கூடுதலும் ஆகும். அதில் குளிர்ந்த நீரைக் கலந்தால் ஒரு பெரிய வாளி நிறையக் குளிக்கும் பதத்தில் நீர் கிடைத்துவிடும். ஆகவே குளிப்பதற்கு 20 நிமிடம் முன்பு போட்டு, வாளியில் பிடித்ததும் அணைத்துவிட வேண்டும். நாள் முழுக்க சுவிட்சைப் போட்டே வைத்திருந்தால், தொட்டி ஆற ஆறத் திரும்பத் திரும்பச் சூடாக்கிக்கொண்டே இருக்கும். வீட்டில் நான்கு பேர் என்றால் ஒருவர் பின் ஒருவராக உடனுக்குடன் குளித்து முடிப்பது நல்லது. விடுமுறை நாட்களில் பதினொரு மணிக்கு மேல் குளித்தால், மொட்டை மாடித் தொட்டியிலேயே நீர் சில டிகிரி சூடேறியிருக்கும். சூரிய வெந்நீர் சாதனம் வைத்திருப்பவர்கள் காலைக் குளியலை மாலைக்கு மாற்றிக்கொள்வது புத்திசாலித்தனம். பகலெல்லாம் சேர்ந்த சூட்டை உறைபனி இரவு முழுக்க ஆறவிட்டு, விடிந்ததும் கெய்சரைப் போடுவதில் அர்த்தமில்லை.

சமையலறையில் சமவெளிக் கணக்கு செல்லாது. உதகை கடல் மட்டத்திலிருந்து சுமார் 2240 மீட்டர் உயரத்தில் இருப்பதால், இங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. கொதி சீக்கிரம் வந்துவிட்டதே என்று மகிழ வேண்டாம்: திறந்த பாத்திரத்தில் அதற்கு மேல் சூடு ஏறாது என்பதால், பருப்பும் கிழங்கும் வேக வெகுநேரம் எடுக்கும். அடுப்பைப் பெரிதாக எரியவிட்டால் ஆவிதான் அதிகமாகும், பருப்பு முன்னதாக வேகாது. ஆகவே பிரஷர் குக்கர் இல்லாமல் இங்கே சிக்கனச் சமையல் கிடையாது; அதிலும் சமவெளியில் வைப்பதைவிட ஒன்றிரண்டு விசில் கூடுதலாக வைக்க வேண்டியிருக்கும். துவரம்பருப்பை ஒரு மணி நேரமும், கொள்ளு, கொண்டைக்கடலை, உலர்ந்த அவரைக் கொட்டை ஆகியவற்றை இரவு முழுவதும் ஊறவைப்பது எரிவாயுவை நன்றாக மிச்சப்படுத்தும். அரிசிக்கு இன்னொரு வழி உண்டு. கேரளத்தில் சூடாறாப்பெட்டி என்று விற்கப்படும் தெர்மல் குக்கரில், அரிசியைச் சிறிது நேரம் கொதிக்கவிட்டு அந்தப் பானையை உள்ளே இறக்கி மூடிவிட்டால், மிச்ச வேக்காட்டை அது தன் சூட்டிலேயே முடித்துவிடும். புழுங்கலரிசிக்கு இது மிகவும் பொருத்தம். மலை உயரத்தில் கொதிக்கவிடும் நேரத்தைச் சற்றுக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

குளிர் நாட்களின் விடியற்காலையில், சிலிண்டர் தீரும் நிலைக்கு வரும்போது தீ சோர்ந்து எரியும். உடனே சிலிண்டர் காலியாகிவிட்டது என்று மாற்றிவிடாதீர்கள். உள்ளே திரவமாக இருக்கும் வாயு ஆவியாவதற்குச் சூடு வேண்டும். குளிரில் அது மந்தமாகிறது. வெயில் ஏறிய பிறகு அதே சிலிண்டர் இன்னும் சில நாட்கள் வரக்கூடும். சில்லென்ற சிமென்ட் தரையில் வைக்காமல் மரப்பலகை மேல் வைப்பதும், அதிக நேரம் வேக வேண்டியதை நண்பகலில் சமைப்பதும் உதவும். சிலிண்டரைப் படுக்கவைப்பது, வெந்நீரில் நிறுத்துவது, பக்கத்தில் அடுப்பு மூட்டுவது ஆகியவை ஆபத்தானவை.

இட்லி மாவு புளிக்கவில்லை என்ற குறை எல்லா வீட்டிலும் உண்டு. வெதுவெதுப்பான நீரில் அரைத்து, மாவுப் பாத்திரத்தைப் பெரிய ஹாட் பாக்ஸிலோ அட்டைப் பெட்டியிலோ வைத்து, பக்கத்தில் ஒரு பாட்டில் வெந்நீரை நிறுத்தி, கம்பளியால் மூடிவிடுங்கள். படுக்கப் போகும்போது ஒருமுறை வெந்நீரை மாற்றினால் மறுநாள் காலை மாவு பொங்கியிருக்கும். தயிருக்கும் இதே முறைதான். தேங்காயெண்ணெயைக் குறுகிய கழுத்துப் பாட்டிலில் வாங்கினால் மார்ச் மாதம் வரை வெளியே வராது. அகன்ற வாய் டப்பாவில் மாற்றிவைத்தால் ஸ்பூனால் சுரண்டி எடுக்கலாம். குளிரில் வெடிக்கும் உதடுகளுக்கும் குதிகால்களுக்கும் அதுவே போதும், தனியாகக் கிரீம் வேண்டியதில்லை.

விறகு எரிப்பவர்கள் அதை மழைக்கு முன்பே வாங்கி அடுக்கியிருக்க வேண்டும். இனிமேல் வாங்குவதானால், இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டிப் பார்த்து, கணீரென்று ஒலி வந்தால், நுனியில் வெடிப்பும் இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். மந்தமான ஒலி வந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. அதை எரித்தால் சூட்டில் ஒரு பகுதி அந்த ஈரத்தை ஆவியாக்கவே போய்விடும், புகைதான் மிச்சம். சீகை (வாட்டில்) மரமும் கற்பூர (யூகலிப்டஸ்) மரமும் நன்றாக எரியும். தேயிலைத் தோட்டத்தில் கவாத்து செய்த (வெட்டிவிட்ட) மிலார், அதாவது காய்ந்த செடிக் குச்சிகள், கிடைத்தால் அடுப்பு பற்றவைக்க அதைவிட நல்லது இல்லை.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கரி அடுப்பையோ கங்கு நிறைந்த சட்டியையோ படுக்கையறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கி உயிரிழந்தவர்களின் செய்தி, உதகையிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் வந்திருக்கிறது. கரி எரியும்போது உண்டாகும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலியும் மயக்கமும் வருவதற்குள் தூக்கம் ஆளை அமுக்கிவிடும். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் சரியாகிவிடும் என்பதும் தவறு. நெருப்புக் காய வேண்டுமானால் வாசலில் காயுங்கள், படுக்கப் போகும்போது அதை வெளியிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

வீட்டுப் பின்புறம் காய்கறி போட்டிருப்பவர்கள், மேகமில்லாத மாலைகளில் ஐந்து மணிக்குள் செடிகளுக்கு மேல் குச்சி நட்டு, இலையில் படாதபடி பழைய புடவையை விரித்துவிட வேண்டும். வெயில் வந்ததும் எடுத்துவிடலாம். பீன்ஸ், உருளைக்கிழங்கு இலைகள் ஒரே இரவில் கருகிவிடும் என்பதால் முதலில் அவற்றை மூட வேண்டும். முட்டைக்கோஸ், கேரட், பூண்டு ஓரளவு தாங்கும். மூட மறந்து உறைபனி படிந்துவிட்ட காலையில், வெயில் படுவதற்கு முன்பே இலைகளின் மேல் தண்ணீரைத் தெளித்து அதைக் கரைத்துவிட்டால் சேதம் ஓரளவு குறையலாம்.