ஃப்ரேம்மேக்கரில் டெம்ப்ளேட் ஃபைல் எது?

வேர்டில் டெம்ப்ளேட்டுக்கு (தோற்ற அமைப்புகளைத் தாங்கிய மாதிரி ஃபைல்) .டிஓடிஎக்ஸ், லிப்ரேஆபிஸில் .ஓடிடி, இன்டிசைனில் .ஐஎன்டிடி. இந்தப் பழக்கத்தோடு, பெரிய மேனுவல்களை எழுதி வடிவமைக்கும் மென்பொருளான அடோபி ஃப்ரேம்மேக்கருக்கு வருகிறவர்கள் ஃபோல்டர் முழுக்கத் துழாவிவிட்டு, "டெம்ப்ளேட் எங்கே?" என்று கேட்பார்கள். அப்படித் தனி எக்ஸ்டென்ஷன் இதில் கிடையாது. சாதாரண அத்தியாயமும் .எஃப்எம், டெம்ப்ளேட்டும் .எஃப்எம். எந்த ஃபைலை டெம்ப்ளேட்டாக வைத்துக்கொள்வது என்பது நம் முடிவு. (ஃப்ரேம் டெக்னாலஜி என்ற நிறுவனம் சன் கம்ப்யூட்டர்களில் தொடங்கிய மென்பொருள் இது. அடோபி கைக்கு வந்தது 1995-இல்.)

படி 1: எக்ஸ்டென்ஷனைத் தெரியவையுங்கள்

விண்டோஸ் அதை மறைத்து வைத்திருக்கும். விண்டோஸ் 11 என்றால் ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் வியூ, அதற்குள் ஷோ, அதில் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்'. டிக் செய்ததும் ஒரு மேனுவல் ஃபோல்டரில் இவையெல்லாம் கண்ணில் படும்:

.எஃப்எம் – ஓர் அத்தியாயம்.
.புக் – அத்தியாயங்களின் வரிசைப் பட்டியல். உள்ளடக்கம் இதற்குள் இல்லை. இதை மட்டும் மெயிலில் அனுப்பினால் எதிரில் இருப்பவருக்கு அத்தியாயம் எதுவும் திறக்காது.
.எம்ஐஎஃப் – அதே ஆவணம், வெறும் டெக்ஸ்ட் வடிவில்.
.எல்சிகே – யாரோ அந்த ஃபைலைத் திறந்து வைத்திருப்பதற்கான பூட்டு. மூடினால் தானாகப் போய்விடும். கம்ப்யூட்டர் பாதியில் நின்றுபோனால் தங்கிவிடும். வேறு யாரும் திறந்திருக்கவில்லை என்று கேட்டுக்கொண்டு அழித்துவிடலாம்.

பெயரின் நடுவே 'பேக்கப்' அல்லது 'ஆட்டோ' என்று இருக்கும் .எஃப்எம் ஃபைல்கள் மென்பொருளே போட்டுக்கொண்டவை. அவற்றை டெம்ப்ளேட்டாக எடுத்துவிடாதீர்கள்.

படி 2: டெம்ப்ளேட்டை உருவாக்குங்கள்

ஃபைல், நியூ, டாக்குமென்ட். பாரகிராஃப் டிசைனரில் தலைப்புகள், பத்திகள், பட்டியல்கள். மாஸ்டர் பக்கங்களில் இடது, வலது அமைப்பு. ரெஃபரென்ஸ் பக்கங்களைப் புதியவர்கள் திறந்துகூடப் பார்ப்பதில்லை. பொருளடக்கத்தின் தோற்றம் அங்கேதான் தீர்மானமாகிறது. பயன்படாத ஃபார்மேட்களை (பெயரிட்டு வைத்த தோற்ற அமைப்புகளை) அவற்றின் பட்டியலான கேட்டலாகிலிருந்து நீக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் அந்தக் குப்பை ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் போய்ச் சேரும்.

சேவ் செய்யும்போது பெயரிலேயே 'டெம்ப்ளேட்' என்று வரட்டும். பிறகு ஃபைலின் ப்ராபர்ட்டீஸில் 'ரீட்-ஒன்லி' போட்டுவிடுங்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள், காரணம் அடுத்த படியில்.

படி 3: புது அத்தியாயம்

ஃபைல், நியூ வழியாக டெம்ப்ளேட்டைத் தேர்ந்தெடுத்தால் பெயரில்லாத நகல் ஒன்று திறக்கும். ஓப்பன் கொடுத்தாலோ, டபுள் கிளிக் செய்தாலோ திறப்பது மூல டெம்ப்ளேட்டேதான். ரீட்-ஒன்லி போடாமல் விட்டிருந்து, அதில் தட்டச்சு செய்து சேவ் அழுத்தினால் டெம்ப்ளேட் போச்சு.

படி 4: பழைய அத்தியாயத்துக்கு ஃபார்மேட் ஏற்றுங்கள்

ஃப்ரேம்மேக்கரின் உண்மையான பலம் இதுதான். முதலில் அத்தியாயத்துக்கு ஒரு நகல் எடுத்து வையுங்கள். டெம்ப்ளேட், அத்தியாயம் இரண்டையும் திறந்து, அத்தியாயத்தில் நின்றுகொண்டு ஃபைல், இம்போர்ட், ஃபார்மேட்ஸ் போங்கள். எங்கிருந்து என்று கேட்கும் இடத்தில் டெம்ப்ளேட்டைக் காட்டுங்கள்.

ஒரே பெயருள்ள ஃபார்மேட் மாற்றி எழுதப்படும். வேறு பெயருள்ளது அப்படியே கிடக்கும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, நடுவில் ஓர் இடைவெளி மாறினாலும் அது வேறு பெயர்தான். "இம்போர்ட் செய்தும் தலைப்பு மாறவில்லையே" என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் காரணம் இதுவே.

வேரியபிள் டெஃபினிஷன்ஸ் என்ற கட்டத்தை யோசித்து டிக் செய்யுங்கள். அத்தியாயத்தில் இருக்கும் பொருளின் பெயர், பதிப்பு எண் ஆகியவற்றின் மேல் டெம்ப்ளேட்டில் உள்ளவை வந்து உட்கார்ந்துவிடும். கீழே ஓவர்ரைடுகளை, அதாவது ஃபார்மேட்டை மீறி ஆங்காங்கே கையால் செய்த மாற்றங்களை, நீக்கும் கட்டம் ஒன்று இருக்கிறது. பலர் கைவைத்த ஆவணம் என்றால் நான் அதைத் தயங்காமல் டிக் செய்வேன்.

மொத்த மேனுவலுக்கும் வேண்டுமா? .புக் ஃபைலைத் திறந்து, எல்லா அத்தியாயங்களையும் தேர்வு செய்து, இதே மெனு.

படி 5: பழைய பதிப்புக்காரருக்கு அனுப்ப

புதிய பதிப்பில் சேவ் செய்த .எஃப்எம் பழைய பதிப்பில் திறக்காது. சேவ் ஆஸ் கொடுத்து .எம்ஐஎஃப் ஆக்கி அனுப்புங்கள். காரணமே தெரியாமல் முரண்டு பிடிக்கும் ஃபைலுக்கும் இதே வைத்தியம்தான்: .எம்ஐஎஃப் ஆக்கி, திறந்து, மறுபடி .எஃப்எம் ஆகச் சேமிப்பது. டெம்ப்ளேட்டுக்கே இதைச் செய்ய நேர்ந்தால், புது ஃபைலுக்கு ரீட்-ஒன்லி மறுபடி போட வேண்டும்.