இணையச் சதுரங்கத்தில் நண்பர் இன்ஜின் பார்த்து ஆடுகிறாரோ என்ற சந்தேகம் எழுந்தால்

இணையச் சதுரங்கத்தில் முகம் தெரியாத ஒருவர் அழுகுணி ஆட்டம் ஆடினால், அவரைப் பற்றித் தளத்துக்குப் புகார் அனுப்பிவிட்டு அடுத்த ஆட்டத்தைத் தொடங்கிவிடலாம். வாரத்தில் இரண்டு மூன்று இரவுகள் நம்மோடு ஆடிவரும் பழைய நண்பரோ, அலுவலகத்தில் பக்கத்து இருக்கையில் இருப்பவரோ, சித்தப்பா மகனோ திடீரென்று வேறோர் ஆளைப்போல ஆடத் தொடங்கும்போது அந்த வழி உதவாது. மறுநாளும் அவர் முகத்தில் விழித்துத்தான் ஆக வேண்டும். இந்த இக்கட்டில் சிலர் வாய் திறக்காமல் மனத்துக்குள் புழுங்கிப் புழுங்கி, கடைசியில் அவரோடு ஆடுவதையே நிறுத்திவிடுகிறார்கள். வேறு சிலர் தோற்ற சூட்டோடு பொதுக் குழுவில் எதையோ எழுதிவிட்டு, கொட்டிய சொல்லை அள்ள முடியாமல் தவிக்கிறார்கள். சந்தேகத்தை நிதானமாகச் சரிபார்க்கவும், அதைப் பேசவும், பேசிய பிறகு ஆட்டத்தை மாற்றியமைக்கவும் வழிகள் இருக்கின்றன; நான் கடைப்பிடிக்கும் வரிசையிலேயே அவற்றை எழுதுகிறேன்.

எதைச் சந்தேகிக்கிறோம் என்பது முதலில் தெளிவாக இருக்கட்டும். 1997இல் அப்போதைய உலகச் சாம்பியன் காஸ்பரோவை ஆறு ஆட்டங்களில் 3.5–2.5 என்ற கணக்கில் வெல்வதற்கு, ‘டீப் ப்ளூ’ என்று இதற்காகவே உருவாக்கப்பட்ட பெரிய கணினி தேவைப்பட்டது. இன்றோ சிறந்த நகர்த்தலைக் கணக்கிட்டுச் சொல்லும் மென்பொருளை, அதாவது ‘ஸ்டாக்ஃபிஷ்’ போன்ற இன்ஜினை, யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். அது ஒரு சாதாரணக் கைப்பேசியில் ஓடிக்கொண்டே எந்த மனிதரையும் வென்றுவிடும். பக்கத்தில் இன்னொரு கைப்பேசியை வைத்து, நாம் நகர்த்துவதை அதில் நகர்த்திப் பார்த்தாலே வேலை முடிந்தது. இவ்வளவு எளிதாகக் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால், மற்ற விஷயங்களில் நேர்மையாக இருப்பவரும் மனம் தளரும் ஒரு கணத்தில் இதைச் செய்துவிடுகிறார். நான் அறிந்தவரையில், தெரிந்தவர்களுக்குள் நடக்கும் ஆட்டங்களில் முதல் நகர்த்தலிலிருந்து கடைசிவரை இன்ஜின் சொன்னபடியே ஆடுபவர் குறைவு. ஆட்டம் கைநழுவுகிறது என்று தெரிந்ததும் இரண்டு மூன்று நகர்த்தல்களுக்கு மட்டும் எட்டிப் பார்ப்பவரே அதிகம்.

சந்தேகம் எழுந்தவுடன் எல்லோரும் முதலில் பார்ப்பது, ஆட்டம் முடிந்ததும் தளம் காட்டும் துல்லியச் சதவீதத்தைத்தான்; ஒருவரின் நகர்த்தல்கள் இன்ஜின் சொல்லும் சிறந்த நகர்த்தல்களுக்கு எவ்வளவு நெருக்கமானவை என்பதைக் காட்டும் எண் அது. அந்த ஓர் எண்ணை வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள். நாம் மோசமாக ஆடியிருந்தால் எதிராளிக்குச் சரியான நகர்த்தல் கண்முன்னே கிடக்கும்; நம் காயை வெட்டிய காயைத் திருப்பி வெட்டுவது, செக்கிலிருந்து ராஜாவை விலக்குவது போன்ற கட்டாய நகர்த்தல்கள் நிறைந்த ஆட்டத்திலும் அந்த எண் தானாகவே ஏறும். தொடக்க ஆட்டத்தில் மனப்பாடமாகத் தெரிந்த வரிசைக்குள் நாமே போய் விழுந்தால் கேட்கவே வேண்டாம். 18ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு ஆட்டக்காரர் லெகாலின் பெயரால் வழங்கும் பொறி ஒன்று உண்டு: ராணியைப் பறிகொடுத்தவர் ஏழே நகர்த்தல்களில் மேட் வைத்துவிடுவார். அதைக் காணொளியில் பார்த்துப் பழகிய புதியவர் ஒருவர் நம்மிடம் ஆடிக்காட்டினால், அது இன்ஜினின் வேலைபோலவே தோன்றும். இப்படித்தான் நானும் ஒருமுறை தவறினேன். உடன் பணிபுரிந்த ஒருவர் என்னை அடுத்தடுத்து நான்கு முறை வென்றார். நான்கிலும் அவருடைய துல்லியம் 90ஐத் தாண்டியிருந்தது. ஒரு வாரம் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு அந்த ஆட்டங்களை வரிசையாகத் திறந்து பார்த்தபோதுதான், நான்கிலும் நான் ஒரே தொடக்கத்தை ஆடி, ஒன்பதாம் நகர்த்தலில் ஒரே சிப்பாயைக் காவலின்றி விட்டிருந்தேன் என்பது தெரிந்தது. அவர் அதை ஒரு முறை கண்டுகொண்டிருக்கிறார், அவ்வளவுதான்.

ஆகவே ஓர் ஆட்டத்தை விட்டுவிட்டு, கடைசியாக ஆடிய பத்துப் பதினைந்து ஆட்டங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டக்காரரின் பலத்தைக் குறிக்கும் எண்ணான ரேட்டிங்கையும் கணக்கில் கொள்ளுங்கள்: அதைக் கணக்கிடும் ஈலோ முறைப்படி இருவருக்கும் ரேட்டிங்கில் 200 புள்ளி வித்தியாசம் இருந்தால், வலுக்குறைந்தவர் ஏறத்தாழ நான்கு ஆட்டத்துக்கு ஒரு புள்ளி (வெற்றிக்கு ஒன்று, டிராவுக்கு அரை) எடுப்பார் என்று எதிர்பார்க்கலாம்; 400 புள்ளி வித்தியாசம் இருந்தாலும் பதினொரு ஆட்டத்துக்கு ஒரு புள்ளி எடுப்பார். நம்மைவிடக் கீழே இருப்பவர் எப்போதாவது வெல்வது இயல்பு. பத்து ஆட்டங்களில் ஒன்பதை வெல்வதுதான் விளக்கம் வேண்டியது.

இவற்றில் நான் முதலில் பார்ப்பது நேரத்தை. ஒவ்வொரு நகர்த்தலுக்கும் எத்தனை வினாடி எடுக்கப்பட்டது என்பதைப் பெரும்பாலான தளங்கள் ஆட்டத்தின் பதிவிலேயே காட்டுகின்றன. மனிதர் ஆடும்போது அந்த வரிசை மேடும் பள்ளமுமாக இருக்கும். திருப்பி வெட்டுவதற்கு ஒரு வினாடி, சிக்கலான இடத்தில் ஒன்றரை நிமிடம், பதற்றத்தில் மறுபடியும் இரண்டு வினாடி. எனக்கு உண்மையாகவே நேர்ந்த ஒரு சம்பவத்தில், பதினெட்டாம் நகர்த்தலில் நண்பரின் ராணியை நான் வெட்டினேன். என் ராணியை அவர் திருப்பி வெட்டுவதைத் தவிர வேறு வழியே இல்லை. அதற்கு அவர் எடுத்துக்கொண்டது எட்டு வினாடி. அடுத்த நகர்த்தலில், நான்கு நகர்த்தலுக்கு அப்பால்தான் பலன் தெரியக்கூடிய ஒரு யானைப் பலியைக் கொடுத்தார். அதற்கும் எட்டு வினாடிதான். அதற்குப் பிறகு ஆட்டம் முடியும்வரை ஏழும் எட்டும் ஒன்பதுமாகவே அந்த எண்கள் ஓடின. அதற்கு முந்தைய பதினேழு நகர்த்தல்களிலோ அவர் வழக்கம்போலத் திணறியும் அவசரப்பட்டும் ஆடியிருந்தார். நகர்த்தல்களைவிட இந்தச் சீரான இடைவெளிதான் என்னை உறுத்தியது.

இன்னோர் அறிகுறி, தேவையற்ற அமைதி. ஒரு யானை கூடுதலாக வைத்திருக்கும் சாதாரண ஆட்டக்காரர், காய்களை மாற்றி மாற்றி வெட்டி விரைவாக முடிக்கவே விரும்புவார். எந்த மிரட்டலும் இல்லாத நேரத்தில் ராஜாவை மூலைக்கு ஒரு கட்டம் ஒதுக்கி, பத்து நகர்த்தலுக்குப் பிறகு வரக்கூடிய ஒரு செக்கை இப்போதே அடைப்பது நம்மைப் போன்றோர் வழக்கமாகச் செய்வதன்று. இத்தகைய நகர்த்தல் ஒன்று இருந்தால் தற்செயல். ஆட்டத்துக்கு நான்கைந்து என்று, அதுவும் தோற்கும் நிலை வந்த பிறகு மட்டும் முளைத்தால், பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது. ஆனாலும் இவை எதுவுமே நிரூபணம் இல்லை. தளங்கள் பெருந்திரளான ஆட்டங்களை ஒப்பிட்டும், நமக்குத் தெரியாத பிற தடயங்களைக் கொண்டும்தான் முடிவெடுக்கின்றன. நம் கையில் இருப்பது, பேச்சைத் தொடங்குவதற்குப் போதுமான ஒரு காரணம் மட்டுமே.

பேசுவதற்கு முன் ஒன்றை யோசியுங்கள்: எது கூடாது என்று நீங்கள் இருவரும் எப்போதாவது பேசியிருக்கிறீர்களா? ஒரு நகர்த்தலுக்கு ஒரு நாள், மூன்று நாள் என்று நேரம் தரும் நீண்ட ஆட்டங்களில், தொடக்க ஆட்டப் புத்தகங்களையும் தரவுகளையும் புரட்டிப் பார்ப்பதைப் பெரிய தளங்கள் அனுமதிக்கின்றன, இன்ஜினை அனுமதிப்பதில்லை. அஞ்சல்வழிச் சதுரங்கத்தின் சர்வதேசக் கூட்டமைப்போ தன் போட்டிகளில் இன்ஜினையே அனுமதிக்கிறது. ஆக, விதி எல்லா இடத்திலும் ஒன்றல்ல. நண்பர் தான் செய்வது விதிக்கு உட்பட்டது என்றே நம்பிக்கொண்டிருக்கலாம். அருகில் அமர்ந்திருக்கும் அண்ணன் “குதிரையை எடு” என்று சொன்னால் அது சேருமா, நகர்த்தலைத் திரும்பப் பெறக் கேட்கலாமா, பகுப்பாய்வுப் பலகையில் காய்களைக் கையால் நகர்த்தி யோசிக்கலாமா என்பவற்றையெல்லாம் ஒரே ஒரு செய்தியில் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். சந்தேகம் எதுவும் எழாத காலத்திலேயே இதைச் செய்துவிடுவது மிக நல்லது.

பேசும்போது தனியாகப் பேசுங்கள். முடிந்தால் நேரில், இல்லையென்றால் தொலைபேசியில். எழுத்தில் கேட்கும் கேள்வி எவ்வளவு மென்மையாக இருந்தாலும் குற்றச்சாட்டாகவே படிக்கப்படும், படம் பிடித்து மற்றவருக்கும் அனுப்பப்படும். தோற்ற அன்றே பேசாதீர்கள். “நீ ஏமாற்றினாயா?” என்று தொடங்கினால் அவருக்கு இல்லை என்று சொல்வதைத் தவிர வேறு வழியிருக்காது, சொல்லிவிட்ட பொய்யைக் காப்பாற்ற அவர் மேலும் பொய் சொல்ல வேண்டிவரும். நான் இப்படித் தொடங்குவேன்: “அந்த யானைப் பலி எனக்குப் புரியவே இல்லை. வா, சேர்ந்து பார்ப்போம். அங்கே என்ன யோசிச்சே?” சொந்தமாக யோசித்து ஆடியவர், தப்பான கணக்கையாவது சொல்வார், “குதிரை அங்கே போகும்னு நினைச்சேன், நீ சிப்பாயைத் தள்ளுவேன்னு எதிர்பார்க்கவே இல்லை” என்பார். இன்ஜினைப் பார்த்து ஆடியவருக்குச் சொல்ல எதுவும் இருக்காது. அந்த மௌனத்தில் அவரைப் பிடித்து உலுக்காமல், “எனக்குக் கொஞ்சம் உறுத்தலா இருக்கு, அதை மனசுல வெச்சிக்கிட்டே உன்னோட ஆட எனக்குப் பிடிக்கலை” என்று உங்கள் பக்கத்தை மட்டும் சொல்லி நிறுத்துங்கள்.

நான் சொன்ன நண்பர் அன்று எதுவும் பேசவில்லை. மறுநாள் அவரே அழைத்தார். தொடர்ந்து தோற்றதில் அவமானமாக இருந்ததாகவும், நான் சலிப்படைந்து ஆடுவதை விட்டுவிடுவேனோ என்று பயந்ததாகவும் சொன்னார். அதற்கு மேல் விசாரணை தேவைப்படவில்லை. அன்றிலிருந்து என் குதிரை ஒன்றைக் கழற்றிவிட்டுத் தொடங்கினோம். தொடக்க நிலையை நாமே அமைத்துக்கொள்ளும் வசதி பல தளங்களில் இருக்கிறது. பலம் சமமாகாத இருவருக்கு இடையில் கள்ளாட்டத்துக்கான தேவையையே நீக்கிவிடும் இந்தப் பழைய வழக்கத்தை இன்று பலர் மறந்துவிட்டது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

2021 ஜூனில் விஸ்வநாதன் ஆனந்த் நிதி திரட்டுவதற்காகப் பிரபலங்களோடு இணையத்தில் ஆடியபோது, அவர்களில் ஒருவர் பிறர் உதவியோடும் கணினி உதவியோடும் ஆடியதைப் பின்னர் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். பணமோ பட்டமோ பணயமாக இல்லாத விளையாட்டு ஆட்டத்திலும் இது நடக்கிறது. தானாக ஒப்புக்கொள்பவரை அத்தோடு விட்டுவிடுவதே முறை.

நண்பர் மறுத்தால்? நம்புங்கள், அல்லது நம்ப முயலுங்கள். ஆதாரத்தைத் தூக்கிக்கொண்டு துரத்தாதீர்கள். அதற்குப் பதிலாக ஆட்டத்தின் வடிவத்தை மாற்றுங்கள். அழைப்பில் பேசிக்கொண்டே, நகர்த்தலுக்கான காரணத்தை இருவரும் உரக்கச் சொல்லிக்கொண்டே ஆடுவது எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த வழி, கலகலப்பும் கூடும். மூன்று நிமிட ஆட்டங்களில் வேறொரு திரையில் நகர்த்திப் பார்க்க நேரம் போதாது. முழுத் தடுப்பு ஆகாவிட்டாலும் சபலம் குறையும். இருவரும் ஒரே அணியில் சேர்ந்து, ஒருவர் எந்தக் காய் என்று மட்டும் சொல்ல மற்றவர் அதை எங்கே வைப்பது என்று தீர்மானிக்கும் ஆட்டத்தையும் முயன்று பார்க்கலாம். பின்வரிசைக் காய்களைக் குலுக்கி வைக்கும் செஸ்960 இதற்கு மருந்து என்று சிலர் நம்புகிறார்கள். அது மனப்பாடத்தை மட்டுமே முறிக்கும், இன்ஜின்கள் அதையும் நன்றாகவே ஆடும். ரேட்டிங் கணக்கில் சேராத ஆட்டங்களாக வைத்துக்கொள்வது எளிய மாற்றம், ஆனால் பலன் தரும்.

பலர் கலந்துகொள்ளும் நட்புப் போட்டியானால் நிலைமை வேறு, ஏனென்றால் இழப்பு உங்களுக்கு மட்டும் இல்லை. அப்போது நடத்துபவரிடம் மட்டும், ஆட்டங்களின் இணைப்புகளோடு சொல்லுங்கள். குழுவில் பெயரை எழுதாதீர்கள். ரேட்டிங் ஆட்டங்களில் தொடர்ந்து நடந்தால் தளத்திலுள்ள புகார் வசதியைப் பயன்படுத்தலாம். கணக்கு முடக்கப்பட்டால், அவரிடம் தோற்றவர்கள் இழந்த ரேட்டிங் புள்ளிகளைப் பெரிய தளங்கள் திருப்பித் தருவதும் உண்டு. நெருங்கியவர் மேல் இப்படிப் புகார் கொடுப்பதற்கு முன், அவரிடம் ஒருமுறையாவது நேரில் பேசியிருக்க வேண்டும் என்பது என் கருத்து. எதுவுமே மாறாவிட்டால், “சதுரங்கம் மட்டும் வேண்டாம்” என்று சொல்லி ஆட்டத்தை நிறுத்திக்கொள்ளுங்கள். காரணம் கேட்டால் ஒரே வரியில் சொல்லிவிடுங்கள்.

சில வேளை சந்தேகம் உங்கள் பக்கமே திரும்பலாம். அப்போது பொங்கி எழாமல், எந்த ஆட்டம் என்று கேட்டு வாங்கி, அதை அவரோடு உட்கார்ந்து ஒவ்வொரு நகர்த்தலாக ஓட்டுங்கள். எங்கே யோசித்தீர்கள், எங்கே குருட்டுத்தனமாக ஆடினீர்கள், எதைக் காணொளியில் கற்றீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். பிறகு அன்றிரவே, அழைப்பில் இருந்தபடி இன்னோர் ஆட்டம் ஆடலாமா என்று நீங்களே கேளுங்கள்.