புள்ளைக்கு லோங் கியூடி எண்டு சொல்லிட்டாங்களா? நாங்க வீட்டில செய்றது இதுதான்

என்ட மூத்தவள் எட்டு வயசில ஸ்கூல் விளையாட்டுப் போட்டிக்கு ஓடிப் பழகக்க அப்பிடியே விழுந்தாள். வெயில் எண்டாங்க, மறுகா வலிப்பு எண்டாங்க, மாமி நாவூறும் கழிச்சுப் பாத்தா. ஒரு டொக்டர் ஈசிஜி எடுத்துப் பாத்த பொறகுதான் விசயம் வெளிச்சுது, லோங் கியூடி (Long QT) எண்ட இதயத் தாள நோய். இதயத்தில ஓட்டை ஒண்டுமில்ல, எக்கோ எண்ட இதய ஸ்கேன் எடுத்தாலும் நல்லாத்தான் தெரியும், கரண்ட் வேலைதான் பிழை, ஒவ்வொரு துடிப்புக்குப் பொறகும் இதயம் திரும்ப சார்ஜ் ஆகக் கூட நேரம் எடுக்குது, அந்த நேரத்துக்குள்ள வேளையில்லாத வேளையில இன்னொரு துடிப்பு வந்தா தாளமே குழம்பி மூளைக்கு ரத்தம் போகாம புள்ள விழுந்திரும்.

மொதல்ல தாயும் தகப்பனும் ஈசிஜி எடுங்க. பெத்தவங்கள்ல ஒராளுக்கு இரிந்தா ஒவ்வொரு புள்ளைக்கும் 50 வீதம் வாய்ப்பு, அதால கூடப்பிறந்ததுகளையும் விடாதீங்க. அம்மம்மாட்ட இருந்து கேளுங்க, குடும்பத்தில ஆரும் சின்ன வயசில திடீரெண்டு போனாங்களா, நல்லா நீந்தத் தெரிஞ்ச ஆள் வாவியில தாண்டதா, நித்திரையிலயே போனதா எண்டு. நம்மட பக்கம் மச்சான் மச்சாள் கலியாணம் கூட, இந்த நோயில ஒரு வகை தாய் தகப்பன் ரெண்டு பேரிட்ட இருந்தும் வந்தாத்தான் பிடிக்கும், அந்தப் புள்ளைகளுக்குப் பிறக்கக்கயே காதும் கேளாது. காது கேளாத புள்ள மயங்கி விழுந்தா கட்டாயம் ஈசிஜி எடுக்கணும். சிபிவிடி (CPVT) எண்டு இன்னொரு இதயத் தாள நோய் இரிக்கி, அதில சும்மா படுக்க வச்சு எடுத்தா ஈசிஜி சுத்தமா நல்லாயிருக்கும், ஓட வச்சுப் பாத்தாத்தான் பிடிபடும்.

குளிசை. எங்களுக்கு ப்ரோப்ரனோலோல், இதயத் துடிப்ப அடக்கி வைக்கிற மருந்து. நல்லாத்தானே இரிக்கா எண்டு நீங்களா நிப்பாட்டிராதீங்க, திடீரெண்டு விட்டா முந்தினதை விட ஆபத்து. முடிய ஒரு கிழமை இருக்கக்கயே அடுத்ததை எடுத்து வச்சிருவன், வெள்ளம் வந்து ரோட்டு மறிச்சா என்ன செய்ற? புள்ளைக்கு இழுப்பு (ஆஸ்துமா) இரிந்தா டொக்டரிட்ட முன்னமே சொல்லுங்க. சாப்பாடில்லாம கிடந்தா இந்தக் குளிசையால சின்னப் புள்ளைகளுக்கு சீனி குறையும், அதால காய்ச்சல் எண்டு சாப்பிடாம கிடக்கிற நாளில போன் அடிச்சுக் கேட்டிட்டுத்தான் குடுக்கிறது.

எனக்கு ஆகப் பயம் பாமசிதான். அன்டிபயோட்டிக்குகள்ல எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின், அசித்ரோமைசின், சத்திக்குக் குடுக்கிற டொம்பெரிடோன், ஒண்டான்செட்ரோன், பங்கசுக்குக் குடுக்கிற ஃபுளுகொனசோல், இதெல்லாம் கியூடிய, அதான் இதயம் திரும்ப சார்ஜ் ஆகிற நேரத்த, இன்னும் நீட்டும். பேரெல்லாம் ஒரு துண்டில எழுதி கிளினிக் கொப்பிக்குள்ள வச்சிருக்கன், தடிமனுக்குப் போனாலும் மொதல்ல அந்தத் துண்டுதான் நீட்டுறது. சில பேர் முகம் சுளிப்பாங்க, சுளிக்கட்டும். வயித்தோட்டம் வந்தா உடனே ஜீவனி (உப்பு சீனிக் கரைசல்), பொட்டாசியம் இறங்கினா தாளம் குழம்பும், கெதியா ஆஸ்பத்திரிக்குப் போங்க. புருகாடா எண்ட இன்னொரு இதயத் தாள நோய் உள்ள புள்ளைக்குக் காய்ச்சல்தான் எதிரி, சுடத் தொடங்கின உடனேயே பனடோல் குடுத்துப் போட்டு டொக்டரிட்ட காட்டுங்க.

லோங் கியூடியில எது விழுத்தும் எண்டது வகைக்கு வகை மாறும். ஓட்டமும் நீச்சலும் ஒரு வகைக்கு, அலாரம், வெடிச் சத்தம் மாதிரித் திடுக்கிடுறது இன்னொரு வகைக்கு, நித்திரை மூண்டாவதுக்கு. என்ட மகள் முதலாவது வகை, பாசிக்குடாக் கடலுக்குப் போனா முழங்கால் தண்ணிதான், அதுவும் என்ட கையெட்டுற தூரத்தில. கோயில் திருவிழாவில வெடி போடுற பக்கம் போறதுமில்ல, அவளுக்கு அது தேவையில்லதான், ஆனா என்ட மனசு கேக்குதில்ல. விளையாட்டை முழுசா வெட்டணுமா எண்டு நீங்க முடிவெடுக்காதீங்க, குளிசை ஒழுங்காப் போனா டொக்டர்மார் சில விளையாட்டுக்கு விடுவாங்க.

ஸ்கூல்ல வகுப்பு டீச்சர், பிடி சேர் ரெண்டு பேருக்கும் நேர போய்ச் சொன்னன். விழுந்து, கூப்பிட்டாலும் எழும்பாம, மூச்சும் சரியா இல்லாட்டி தண்ணி தெளிக்கிறதெல்லாம் வேணாம், இடைக்கிடை ஆவெண்டு வாயத் திறக்கிறது மூச்சில்ல. ஒராள் அம்புலன்ஸுக்கு, 1990க்கு, அடிக்கணும், மத்த ஆள் நெஞ்சுக்கு நடுவில உடனே அமத்தத் தொடங்கணும், நிமிசத்துக்கு 100 இல இருந்து 120 தரம், நெஞ்சு மூண்டில ஒரு பங்கு தாழுற அளவுக்கு. பிடி சேர் தலகாணி ஒண்ட வச்சு என்னோட சேந்து பழகினார், மூணாவது நிமிசத்திலயே களைச்சிட்டார், அதால இப்ப பக்கத்து வகுப்பு டீச்சரையும் சேத்திருக்கம், ஆள் மாறி மாறிச் செய்ய.