வெயிலை முதுகில் வாங்கி: கோடியக்கரையில் சைக்கிளில் ஒரு நாள் பறவை பார்த்தல்

வேதாரண்யத்திலிருந்து தெற்கே கோடியக்கரைக்குச் செல்லும் சாலை சுமார் 11 கிலோமீட்டர்தான். மேடுகள் இல்லாத தரை என்பதால் கியர் இல்லாத சாதாரணச் சைக்கிளே போதும். ஆனால் எந்த நேரத்தில் எந்தப் பக்கம் பார்ப்பது என்று முன்பே தீர்மானிக்காமல் புறப்பட்டால், எதிர்வெயிலில் கண் கூசி, கறுத்த உருவங்களை மட்டுமே எண்ணிவிட்டுத் திரும்ப நேரும்.

வலசைப் பறவைகளைக் காண வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த ஜனவரியும் பிப்ரவரியும் ஏற்றவை. சாலைக்கு மேற்கே உப்பளங்களும் சதுப்பு நிலமும், கிழக்கே வங்கக் கடலும் இருப்பதால், விடியும் முன் கிளம்பி, 1930 உப்பு சத்தியாகிரகத்தின் நினைவுத் தூண் நிற்கும் அகஸ்தியன்பள்ளியை வெளிச்சம் பரவும்போது அடைவது நல்லது. அப்போது கதிரவன் முதுகுப்புறம் இருக்க, மேற்கே பூநாரைகளின் இளஞ்சிவப்பும் உள்ளான்கள் எனும் சிறு கரைப்பறவைகளின் கால் நிறமும் தெளிவாகத் தெரியும். பிற்பகலில் இதைத் திருப்பிக்கொண்டு, கடற்கரையில் கிழக்கு நோக்கி ஆலாக்களையும் கடற்காகங்களையும் பார்க்க வேண்டும். இடைப்பட்ட உச்சிவெயிலில் கானல் அலையும்போது தொலைநோக்கியால் பயனில்லை. கோடியக்காட்டின் நிழலில் உண்டு உறங்குவதே அறிவு.

ஓடும் சைக்கிளைவிட, அதிலிருந்து இறங்கி நிற்கும் மனிதனைக் கண்டே பறவைகள் அதிகம் மிரளும். ஆகவே கூட்டத்துக்கு வெகு முன்னதாகவே இறங்கி, மணி அடிக்காமல், வண்டியைத் தள்ளிக்கொண்டு மெல்ல நெருங்க வேண்டும். மேய்ந்துகொண்டிருந்தவை ஒன்றன்பின் ஒன்றாகத் தலை தூக்கினால், அதற்கு மேல் ஓர் அடியும் வைக்கலாகாது. ஏறத்தாழ 25 கிராம் எடையுள்ள கொசு உள்ளான் வடதுருவ ஓரங்களிலிருந்து இங்கு வருகிறது. திரும்பும் பயணத்துக்கு அது சேர்க்கும் கொழுப்பை நாம் விரட்டும் ஒவ்வொரு முறையும் வீணாக்குகிறோம். உப்புப் படிந்து உலர்ந்ததுபோல் தோன்றும் தரையில் நடக்கவும் கூடாது. அடியில் முழங்கால் அளவு சேறு இருக்கக்கூடும்.

8 மடங்கு பெரிதாக்கும் தொலைநோக்கி ஒன்று, குறிப்பேடு, 3 லிட்டர் தண்ணீர், தொப்பி ஆகியவற்றோடு மாற்று டியூபும் காற்றடிக்கும் பம்பும் கட்டாயம் வேண்டும். சீமைக்கருவேல முள் டயரைத் துளைக்காத நாள் அரிது. முதல் பயணத்தில் பெரிய கேமராவை வீட்டில் வைத்துவிட்டு வருவதையே பரிந்துரைப்பேன், ஏனெனில் படம் எடுக்கும் ஆசைதான் நம்மைப் பறவைக்கு மிக அருகில் இழுத்துச் செல்கிறது. 1967-இல் அறிவிக்கப்பட்ட சரணாலயத்துக்குள் நுழைய வனத்துறையின் அனுமதி வேண்டும். சைக்கிளை எதுவரை கொண்டுசெல்லலாம் என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

வாடைக்காற்று போகும்போது பின்னிருந்து தள்ளும், திரும்பும்போது முகத்தில் அறையும். எனவே பொழுது சாய ஒன்றரை மணி நேரம் இருக்கும்போதே திரும்பிவிட வேண்டும். வீடு சேர்ந்ததும் வண்டியை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, சங்கிலிக்கு எண்ணெய் இடுங்கள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் உப்பு அதற்குள் துருவைத் தொடங்கியிருக்கும்.