ட்ரையத்லன்காரருக்கு முதல் கொழும்பு அரை மரதன்

ட்ரையத்லன் செய்கிற ஆள் அரை மரதனுக்குப் பெயர் கொடுக்கும்போது மனதில் ஓடுவது பெரும்பாலும் ஒரே கணக்குத்தான். ஒலிம்பிக் தூர ட்ரையத்லனில் 1.5 கிலோமீற்றர் நீந்தி, 40 கிலோமீற்றர் சைக்கிள் மிதித்து, அதற்குப் பிறகும் 10 ஓடுகிறோம், களைப்பில்லாத காலோடு 21.1 ஓடுவது ஒரு வேலையா என்று. வேலைதான். நீச்சலும் சைக்கிளும் உங்கள் மூச்சையும் இதயத்தையும் நன்றாகப் பழக்கியிருக்கும், ஆனால் தார் ரோட்டில் ஒவ்வொரு அடிக்கும் வருகிற அதிர்வைத் தாங்கவேண்டியவை கெண்டைக்கால், குதிக்கு மேலே உள்ள தசைநாண், முழங்கால், பாத எலும்புகள். அவை இதயத்தைவிட மெதுவாகத்தான் பழகும். மூச்சு இன்னும் போகலாம் என்று சொல்லும், 15 கிலோமீற்றருக்குப் பிறகு கால் மாட்டேன் என்று நிற்கும். ஆகவே பயிற்சி, வேகம், சப்பாத்து எல்லாவற்றையும் காலைக் கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

பயிற்சிக்குப் பத்துப் பன்னிரண்டு கிழமை ஒதுக்குங்கள். கிழமைக்கு மூன்று ஓட்டம் போதும்: ஒன்று நீளம், ஒன்று பேச்சுக் கொடுத்தபடி ஓடக்கூடிய மெதுவானது, ஒன்று கொஞ்சம் கெதியானது. நீளமானதை 10இல் தொடங்கிக் கிழமைக்கு ஒன்று, ஒன்றரை கிலோமீற்றராகக் கூட்டி, நான்காவது கிழமையில் குறைத்து, ஓட்டத்துக்கு மூன்று கிழமைக்கு முன் 17, 18ஐத் தொட்டுவிட்டால் சரி. 21ஐ முழுதாக ஓடிப் பார்க்கத் தேவையில்லை. நீச்சலை விடாதீர்கள், காலுக்கு அதைவிட நல்ல ஓய்வு கிடையாது. குறைக்கவேண்டியது சைக்கிளைத்தான். சனிக்கிழமை 80 கிலோமீற்றர் மிதித்துவிட்டு ஞாயிறு விடிய அதே காலோடு நீள ஓட்டம் போகிற பழக்கம் எங்கள் ஆட்களிடம் நிறைய உண்டு, அதை இந்தக் கொஞ்சக் காலத்துக்கு மறந்துவிடுங்கள். ஞாயிறு ஓட்டத்துக்குக் கால் புதிதாக வேண்டும். சைக்கிளில் நிமிடத்துக்கு 90 சுற்று மிதிக்கிற பழக்கம் இருந்தால் மட்டும் அதை அப்படியே ஓட்டத்துக்குக் கொண்டுவரலாம். இரண்டு காலுக்கும் சேர்த்து 180 அடி, சின்னச் சின்ன எட்டு, முழங்காலுக்கு அடி குறையும்.

நீள ஓட்டத்துக்கு யாழ்ப்பாணத்தில் பண்ணைப் பாலத்தைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. பாலத்தால் இறங்கி வேலணைப் பக்கம் போகும் வீதி நேர், மட்டம், இரண்டு பக்கமும் கடல், நிழல் என்பது பேருக்கும் இல்லை. சோளகக் காலத்தில் போகும்போது காற்று முகத்தில் அறையும். அப்போது மணிக்கூட்டைப் பார்க்காதீர்கள், வேகம் குறைவாகத்தான் காட்டும், பதறித் தள்ள வேண்டாம், மூச்சின் அளவில் ஓடுங்கள். திரும்பும்போதுதான் உண்மையான பாடம். காற்று முதுகில் உங்களோடு சேர்ந்தே வரும், அதனால் உடம்பில் படுகிற காற்றே இல்லாத மாதிரி இருக்கும், வியர்வை காயாது, கண்ணுக்குள் இறங்கும், வேகம் நல்லாயிருக்க உடம்பு மட்டும் கொதிக்கும். கொழும்பில் கட்டடங்களுக்கு நடுவே ஓடுவது ஏறக்குறைய இப்படித்தான். ஆகவே களைத்துப்போனால் போகும்போது நடங்கள், திரும்பும்போது ஓடிப் பழகுங்கள்.

யாழ்ப்பாணத்து மட்டமான வீதிகளில் ஓடுகிற எங்களுக்கு ஏற்றம் என்ற ஒன்றே தெரியாது. ஓடும் பாதையில் ஒரு சின்ன மேம்பாலம் வந்தாலே தொடை கேள்வி கேட்கும். கெதியான ஓட்டத்தைத் துரையப்பா விளையாட்டரங்கு மாதிரி ஒரு மைதானத்தில் வைத்துவிட்டு, கடைசிப் பத்து நிமிடம் படிகளில் ஏறி இறங்குங்கள், அது காணும். விடியப்புறம் ஒழுங்கைகளுக்குள்ளால் ஓடினால் நாய்களுக்கு ஓடிக் காட்டாதீர்கள், நடந்து கடவுங்கள். வேகப் பயிற்சி வேறு வழியிலும் செய்யலாம்.

சாமான் விஷயம் சுருக்கமாக. ட்ரையத்லனுக்குப் போடுகிற ஒட்டிய ட்ரை சூட் தேவையில்லை, சாதாரண காற்சட்டையும் மெல்லிய பெனியனும் போதும். ட்ரையத்லனில் நேரம் மிச்சம்பிடிக்கக் காலுறை போடாமல் ஓடுகிறவர்கள் இங்கே கட்டாயம் போடுங்கள், 10 கிலோமீற்றரில் வராத கொப்புளம் 18இல் வரும். இழுபடும் சப்பாத்துக் கயிறு இருந்தால் இருக்கட்டும், கழற்ற வேண்டாம். அக்குள், உள்தொடை, ஆண்கள் என்றால் முலைக்காம்பு, எல்லாவற்றுக்கும் வசலின். புதுச் சப்பாத்தோடு கொழும்புக்கு வெளிக்கிட வேண்டாம், குறைந்தது இரண்டு நீள ஓட்டமாவது அதில் ஓடியிருக்க வேண்டும்.

சாப்பாட்டில் ஒரு வித்தியாசம் இருக்கிறது. சைக்கிளில் இருந்துகொண்டு எதையும் மென்று விழுங்கலாம், ஓடும்போது வயிறு குலுங்கும், அதனால் சின்னதாக, ஈரமாக, பழகியதாக இருக்கவேண்டும். இரண்டு மணித்தியாலத்துக்குக் கிட்ட ஓடுகிற ஆளுக்கு மணித்தியாலத்துக்கு 30 முதல் 60 கிராம் மாச்சத்து என்பது பொதுவான அளவு. ஓட்டக்காரர் உறிஞ்சுகிற மாச்சத்து ஜெல் கிடைத்தால் நல்லது, விலை கட்டாது என்றால் கொட்டை எடுத்த பேரீச்சம்பழம், அல்லது பல்லுக்குள் அடக்கிவைக்கக்கூடிய பனங்கட்டித் துண்டு. பனங்கட்டியைக் கடிக்காதீர்கள், கரைய விடுங்கள், பின்னால் ஒரு மிடறு தண்ணீர். எதுவானாலும் பண்ணைப் பாலத்தில் ஓடும்போது தின்று பார்த்ததையே கொழும்பிலும் தின்னுங்கள். உப்புக்கு, வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கிற ஜீவனி பைக்கற் போதும், பைக்கற்றில் சொன்ன அளவு தண்ணீரில் கரைத்து முதல் நாள் பின்னேரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள்.

கொழும்புக்கு இரவு பஸ்ஸில் போய் விடிய இறங்கி அடுத்த நாள் ஓடலாம் என்று திட்டம் போடாதீர்கள். இரவு முழுக்க மடக்கிவைத்த கால் வீங்கியிருக்கும், நித்திரையும் இருக்காது. ஓட்டத்துக்கு முந்தின இரவு யாருக்கும் சரியாக நித்திரை வராது, அதற்கு முந்தின இரவுதான் கணக்கு, அதைப் பஸ்ஸுக்குக் கொடுக்கவேண்டாம். பகல் ரயிலில் போனால் எழுந்து நடக்கவாவது முடியும். எங்களில் பாதிப்பேர் வெள்ளவத்தையில் சொந்தக்காரர் வீட்டில்தான் தங்குவோம், அங்கேதான் ஆபத்து, யாழ்ப்பாணத்திலிருந்து பிள்ளை வந்திருக்கிறது என்று மாமி நண்டு காய்ச்சுவா. ஓட்டம் முடிந்த பிறகு வைக்கச்சொல்லி முன்கூட்டியே போனில் சொல்லிவிடுங்கள். முதல் நாள் இரவு சோறும் பருப்பும், அல்லது இடியப்பமும் உறைப்பில்லாத சொதியும். கொத்து ரொட்டி வேண்டாம். நெஞ்சில் குத்துகிற ஓட்ட இலக்கத்தை வாங்கப் போகிற சாட்டில் புறக்கோட்டையில் சாமான் வாங்கி அலையவும் வேண்டாம். மரைன் டிரைவில் கடல் பக்கமாக இருபது நிமிடம் மெதுவாக ஓடிவிட்டுப் படுங்கள்.

ஓட்ட நாள் விடிய, இரண்டு மணித்தியாலத்துக்கு முன்பே பாணும் ஜாமும் வாழைப்பழமும் பிளேன்ரீயும். வீதிகள் பூட்டியிருக்கும், ஓட்டோ கடைசிவரை போகாது, கொஞ்சத் தூரம் நடக்கிற கணக்கோடு வெளிக்கிடுங்கள். போய்ச் சேர்ந்ததும் முதல் வேலை கழிவறை வரிசை. ட்ரையத்லனில் நேரச் சிப்பைக் கணுக்காலில் கட்டிப் பழகியிருப்பீர்கள், வீதி ஓட்டங்களில் அது பெரும்பாலும் நெஞ்சு இலக்கத்தின் பின்பக்கம் ஒட்டியிருக்கும். இலக்கத்தை மடிக்காதீர்கள், நாலு மூலையிலும் ஊசி குத்துங்கள், ஒரு மூலை கழன்றால் 21 கிலோமீற்றரும் படபடவென்று அடித்துக்கொண்டே வரும். வெடி வைத்ததிலிருந்து ஒரு நேரம், நீங்கள் கோட்டைத் தாண்டியதிலிருந்து ஒரு நேரம், உங்களுடையது இரண்டாவது. ஆகவே முன்னுக்கு நெருக்கவேண்டாம், உங்கள் வேகத்துக்கு ஏற்ற இடத்தில் நில்லுங்கள்.

முதல் ஐந்து கிலோமீற்றர்தான் ட்ரையத்லன்காரரை விழுத்துகிற இடம். சைக்கிளால் இறங்கி ஓடிப் பழகிய காலுக்கு, மிதிக்காமல் தொடங்குகிற ஓட்டம் சும்மா பறக்கிற மாதிரி இருக்கும், சுற்றிவர நூற்றுக்கணக்கில் ஆட்கள், எல்லோரும் கெதியாகப் போவார்கள். கிலோமீற்றருக்கு 6 நிமிடம் என்றால் 2 மணி 7 நிமிடத்துக்குள் முடியும், 2 மணித்தியாலத்துக்குள் வர 5 நிமிடம் 41 செக்கன் வேண்டும். 6 நிமிடம் உங்கள் இலக்கென்றால் முதல் ஐந்தையும் 6:10, 6:15இல் ஓடுங்கள். அப்போது விட்ட ஒரு நிமிடத்தை 16க்குப் பிறகு நடக்கிற ஆட்களைக் கடந்து கடந்து எடுத்துவிடலாம். மணிக்கூடு தூரத்தைக் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும், ஏனென்றால் பாதையை அளப்பது மிகக் குறுகிய கோட்டில், நீங்களோ வளைவுகளிலும் ஆட்களை விலத்தியும் ஓடுகிறீர்கள், உயரமான கட்டடங்களும் ஜிபிஎஸ்ஸைக் குழப்பும். வீதியோரத்துக் கிலோமீற்றர் பலகையை நம்புங்கள். தண்ணீர் மேசையில் முதல் ஆளிடம் நெருக்காமல் கடைசி ஆளிடம் வாங்குங்கள், கோப்பையின் வாயைக் கிள்ளி மடித்தால் மூக்குக்குள் போகாது. பாதி குடிக்க, பாதி பிடரியில்.

2018 பெப்ரவரியில் அயன்மேன் 70.3 என்ற நீளமான ட்ரையத்லன் கொழும்புக்கு வந்தபோது, 1.9 நீந்தி 90 மிதித்தவர்கள் கடைசியில் ஓடியதும் இதே 21.1தான். அந்த ஆசை உள்ளவர்களுக்கு இது நல்ல ஒத்திகை.

முடித்தவுடன் இருக்காதீர்கள், பத்து நிமிடமாவது நடங்கள். அன்றிரவே பஸ் ஏறுவது நல்லதல்ல, முடிந்தால் அடுத்த நாளுக்கும் லீவு போடுங்கள். ஊருக்கு வந்து ஒரு கிழமைக்கு ஓட்டம் வேண்டாம், கசூரினாக் கடற்கரையில் இறங்கி நீந்துங்கள். அங்கே ஆழம் வரும்வரை நடக்கிற நடை காலுக்கும் நல்லது. தோல் உராய்ந்த இடமிருந்தால் உப்புத் தண்ணீரில் எரியும், இரண்டு நாள் பொறுத்துப் போங்கள்.