வேலை, நிறுவனம், தொழிலாளர்: சமூகவியல் ஆய்வில் புதிதாக இறங்குவோர் வாய்ப்புகளைத் தேடிப் பிடிப்பது எப்படி?

வேலையையும் நிறுவனங்களையும் ஆராயும் சமூகவியலுக்குப் புதிதாக வருபவர்களிடம் அடிக்கடி கேட்கும் வருத்தம் இது: "மாநாட்டுக்குக் கட்டுரை கேட்கும் அழைப்பு வந்ததே தெரியவில்லை. கண்ணில் பட்டபோது கடைசித் தேதி போய்விட்டது." நன்றாக எழுதக்கூடியவர்கள்கூட இப்படித்தான் ஓராண்டை இழக்கிறார்கள். இத்தனைக்கும் இந்தத் துறையின் மாநாடுகளும் நல்கைகளும் வேலை அறிவிப்புகளும் ஏறக்குறைய ஒவ்வோர் ஆண்டும் அதே மாதங்களில்தான் வருகின்றன. அந்தச் சுழற்சி பிடிபட்டுவிட்டால், அழைப்பு வெளியாகும் முன்பே தயாராக இருக்கலாம். அதற்கான வழியைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: உங்கள் கேள்வி எந்தக் குழுவுக்கு உரியது என்று பாருங்கள்

"நான் வேலை பற்றி ஆராய்கிறேன்" என்று மட்டும் சொன்னால் போதாது. 1949இல் தொடங்கிய பன்னாட்டுச் சமூகவியல் சங்கத்திலேயே நமக்கு நெருக்கமான ஆய்வுக் குழுக்கள் நான்கு இருக்கின்றன. இவற்றை 'ஆர்சி' (ரிசர்ச் கமிட்டி) என்றும் ஓர் எண்ணாலும் குறிப்பார்கள்: ஆர்சி 30 வேலையின் சமூகவியலுக்கு, ஆர்சி 17 அமைப்புகளின் சமூகவியலுக்கு, ஆர்சி 44 தொழிலாளர் இயக்கங்களுக்கு, ஆர்சி 52 மருத்துவர், வழக்கறிஞர் போன்ற தொழில்முறைக் குழுக்களுக்கு. மருத்துவமனையை ஆராயும் ஒருவர் இந்த நான்கில் எதிலும் சேரலாம். செவிலியரின் பணிச்சுமை என்றால் 30. நிர்வாகம் முடிவெடுக்கும் விதம் என்றால் 17. வேலைநிறுத்தம் என்றால் 44. மருத்துவர்கள் தங்கள் அதிகார எல்லையைக் காப்பது என்றால் 52.

அமெரிக்கச் சமூகவியல் சங்கம் 1905இல் பிறந்தது. அங்கே இவற்றில் பெரும்பகுதியை 'அமைப்புகள், தொழில்கள், வேலை' என்ற ஒரே பிரிவு கவனித்துக்கொள்கிறது. நிறுவன ஆய்வில் ஆழமாகப் போக விரும்புவோருக்கு ஐரோப்பாவில் ஈகாஸ் (EGOS) என்ற நிறுவன ஆய்வாளர் அமைப்பு உண்டு. பொருளாதாரமும் சமூகமும் சந்திக்கும் இடத்தில் நிற்பவர்களுக்கு 'சேஸ்' (SASE) என்ற பன்னாட்டு அமைப்பு இருக்கிறது. உழைப்பின் மீதான கட்டுப்பாடு, சுரண்டல், எதிர்ப்பு என்று எழுதுபவர்களுக்கு 1983 முதல் நடந்துவரும் பன்னாட்டு உழைப்புச் செயல்முறை மாநாடு பொருந்தும்.

எல்லாவற்றிலும் உறுப்பினராகச் சேர வேண்டாம். முதல் ஆண்டில் ஒன்று போதும். மாணவர்களுக்குக் கட்டணம் குறைவு. பன்னாட்டுச் சங்கத்தில் நாட்டின் பொருளாதார நிலையைப் பொறுத்தும் கட்டணம் மாறும். சேர்ந்ததும் முதல் வேலையாகக் குழுவின் செய்திமடலுக்குப் பதிவு செய்யுங்கள். பொது அறிவிப்புப் பலகைகளில் வராத சிறு பயிலரங்குகளும் சிறப்பிதழ் அழைப்புகளும் பெரும்பாலும் அங்கேதான் வரும்.

படி 2: ஆண்டு நாட்காட்டி ஒன்று போடுங்கள்

ஒரு தாளில் பன்னிரண்டு மாதங்களையும் எழுதி, தெரிந்ததை நிரப்புங்கள். ஈகாஸ் கூட்டம் ஜூலையில் நடக்கும், அதற்கான சுமார் 3000 சொல் குறுங்கட்டுரையை ஜனவரியிலேயே கேட்பார்கள். மேலாண்மை ஆய்வாளர்களின் சங்கமான அகாடமி ஆஃப் மேனேஜ்மென்ட் ஜூலைக் கடைசியிலோ ஆகஸ்ட்டிலோ கூடும், கட்டுரைக்கான கடைசித் தேதி ஜனவரியிலேயே வந்துவிடும். அமெரிக்கச் சமூகவியல் சங்கம் ஆகஸ்ட்டில் கூடுகிறது, அதற்கும் ஆண்டின் தொடக்க மாதங்களிலேயே அனுப்பியாக வேண்டும். பன்னாட்டுச் சமூகவியல் சங்கத்தின் உலக மாநாடு நான்கு ஆண்டுக்கு ஒருமுறை வரும். 2023இல் மெல்பர்னில் நடந்தது, அடுத்தது 2027இல் தென்கொரியாவின் குவாங்ஜுவில்.

இப்படி எழுதிப் பார்த்தால் ஒன்று புலப்படும். கோடையில் பேச வேண்டுமானால் முந்தைய அக்டோபர், நவம்பரிலேயே எழுத ஆரம்பித்திருக்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு கடைசித் தேதிக்கும் எட்டு வாரம் முன்னால் இன்னொரு குறி வையுங்கள். நீங்கள் உட்கார்ந்து எழுதத் தொடங்க வேண்டிய நாள் அதுதான். துல்லியமான தேதி ஆண்டுக்கு ஆண்டு சற்று நகரும், அதை அமைப்பின் தளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

படி 3: அழைப்பைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

என்னைக் கேட்டால் இதுதான் மிக முக்கியமான படி. புதியவர்கள் அழைப்பில் தலைப்பையும் தேதியையும் மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அழைப்பின் நடுப் பத்திகளில்தான், துறை இப்போது எதைப் பற்றி வாதாடுகிறது என்பது எழுதியிருக்கும். கையில் பென்சிலோடு மூன்று விஷயங்களைத் தேடுங்கள்.

முதலில், அமர்வை நடத்துபவர்களுக்கு எதில் அதிருப்தி? "இதுவரை வந்த ஆய்வுகள் தொழிற்சாலையை மட்டுமே பார்த்தன" என்பதுபோல ஒரு வரி கட்டாயம் இருக்கும். அடுத்து, அவர்கள் கேட்கும் கேள்விகளில் உங்கள் தரவு எதற்கு விடை சொல்லும்? எல்லாவற்றுக்கும் சொல்ல முயன்றால் எதற்கும் சொல்லாமல் போய்விடும், ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மூன்றாவதாக, கேட்பது சுருக்கமா, குறுங்கட்டுரையா, முழுக் கட்டுரையா? 3000 சொல் கேட்கும் இடத்துக்கு 300 சொல் அனுப்பினால் அதன் தரத்தை யாரும் பார்க்கப்போவதில்லை.

இனி, அழைப்புக்கு அனுப்பும் சுருக்கத்தை எழுதுவது எப்படி என்று பார்ப்போம். ஆப் வழி உணவு கொண்டுசேர்க்கும் தொழிலாளர்களை நீங்கள் ஆராய்வதாக வைத்துக்கொள்வோம். புதியவர் பெரும்பாலும் இப்படித் தொடங்குவார்: "இன்றைய உலகில் தொழில்நுட்பம் வேலையை வெகுவாக மாற்றிவருகிறது. இக்கட்டுரை டெலிவரி தொழிலாளர்களின் அனுபவங்களை ஆராய்கிறது." இதில் பிழை ஏதும் இல்லை, ஆனால் கண்டுபிடிப்பும் இல்லை. தேர்வு செய்பவர் இதே தொடக்கத்தை அன்று எத்தனையோ முறை படித்திருப்பார்.

இப்படி மாற்றிப் பாருங்கள்: "விமானப் பணிப்பெண்கள் சம்பளத்துக்காகப் புன்னகைக்கப் பழக்கப்படுவதை ஆர்லி ஹாக்‌ஷீல்ட் 1983இல் உணர்ச்சி உழைப்பு என்றார். அங்கே பயிற்சி கொடுக்கவும் கண்காணிக்கவும் மேற்பார்வையாளர் இருந்தார். டெலிவரி தொழிலாளருக்கு அப்படி ஒருவர் இல்லை, வாடிக்கையாளர் தரும் நட்சத்திர மதிப்பீடு மட்டுமே உண்டு. பயிற்சி இல்லாத இடத்தில் எந்த உணர்ச்சியைக் காட்ட வேண்டும் என்பதைத் தொழிலாளர்கள் யாரிடமிருந்து கற்கிறார்கள்? காத்திருக்கும் இடங்களில் சக தொழிலாளர்களிடமிருந்து என்று வாதிடுகிறேன்."

பழைய கருத்து ஒன்று, அது எட்டாத இடம் ஒன்று, கேள்வி, விடை. அதன் பிறகு தரவை எப்படித் திரட்டினீர்கள் என்று இரண்டு வரி. வேலை முழுதாக முடிந்திருக்காவிட்டாலும், இதுவரை தெரிந்த விடையைத் துணிந்து எழுதுங்கள். "முடிவுகள் விவாதிக்கப்படும்" என்ற வரியை மட்டும் எழுதிவிடாதீர்கள்.

படி 4: ஆய்விதழ்

பட்டியல் நீளம், தொடக்கத்துக்கு மூன்று சொல்கிறேன். 1956இல் தொடங்கிய அட்மினிஸ்ட்ரேடிவ் சயன்ஸ் குவாட்டர்லி நிறுவன ஆய்வின் உச்சியில் இருப்பது. முதல் கட்டுரையை அங்கே அனுப்பச் சொல்ல மாட்டேன், ஆனால் வாதத்தை எப்படிக் கட்டுவது என்று கற்க அதைப் படித்தே ஆக வேண்டும். ஒர்க் அண்ட் ஆக்குபேஷன்ஸ் நம் துறைக்கென்றே வரும் இதழ். பிரிட்டிஷ் சமூகவியல் சங்கம் 1987 முதல் நடத்தும் ஒர்க், எம்ப்ளாய்மென்ட் அண்ட் சொசைட்டியில், தொழிலாளர்கள் தங்கள் வேலையைத் தங்கள் குரலிலேயே சொல்லும் 'ஆன் தி ஃப்ரன்ட் லைன்' என்ற பகுதி உண்டு. களப்பணியில் நல்ல நேர்காணல் ஒன்று வாய்த்தவர்கள் இதை மனத்தில் வையுங்கள். நம் துறையில் எனக்கு மிகவும் பிடித்த பக்கங்கள் அவை.

படி 5: போலிகளை வடிகட்டுங்கள்

"மதிப்புக்குரிய பேராசிரியரே" என்று மாணவருக்கே மின்னஞ்சல் வந்தால் நின்று யோசியுங்கள். ஒரே வாரத்தில் ஏற்பு, எல்லாத் துறைக்கும் ஒரே மாநாடு, பணம் கட்டினால்தான் மதிப்பீடு என்பவை எல்லாம் போலியின் அடையாளங்கள். ஆசிரியர் குழுவில் உள்ள ஒருவரின் பல்கலைக்கழகப் பக்கத்துக்குப் போய், அந்த இதழை அவரே குறிப்பிட்டிருக்கிறாரா என்று பாருங்கள். இதழ் நம்பத்தக்கதா என்று சோதிக்க உதவும் 'திங்க் செக் சப்மிட்' தளத்திலும் கேள்விப் பட்டியல் கிடைக்கும்.

படி 6: வேலை, நல்கை, விருது

வட அமெரிக்காவில் பேராசிரியர் வேலைக்கான விளம்பரங்கள் ஆகஸ்ட் முதல் வரத் தொடங்கும், பல இடங்களில் இலையுதிர் காலத்துக்குள் விண்ணப்பம் முடிந்துவிடும். அமெரிக்கச் சமூகவியல் சங்கத்தின் வேலை அறிவிப்புத் தளமான ஜாப் பேங்க்கைப் பாருங்கள். மேலாண்மைக் கல்லூரிகளும் நம்மை எடுக்கின்றன, எனவே சமூகவியல் துறை விளம்பரங்களோடு நின்றுவிடாதீர்கள். ஐரோப்பிய வேலைகளுக்கு யூராக்சஸ் தளம், பிரிட்டனுக்கு ஜாப்ஸ் டாட் ஏசி டாட் யூகே தளம்.

முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப் பணி (போஸ்ட் டாக்) தேடுபவர்கள் ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி ஸ்க்லொடோவ்ஸ்கா கியூரி நல்கையைத் தவறவிடக்கூடாது. பொதுவாக முனைவர் பட்டம் பெற்று எட்டு ஆண்டுக்குள் இருக்க வேண்டும், விண்ணப்பம் வழக்கமாகச் செப்டம்பரில் முடியும். பலர் கவனிக்காத நிபந்தனை ஒன்று அதில் உண்டு: கடந்த 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல், போக விரும்பும் நாட்டில் வசித்திருக்கக்கூடாது. ஃபிளாரன்ஸில் உள்ள ஐரோப்பியப் பல்கலைக்கழக நிறுவனம் தரும் மாக்ஸ் வெபர் ஆய்வுநல்கைக்கு அக்டோபர். பல்கலைக்கழகத்துக்கு வெளியே பார்ப்பவர்களுக்கு, 1919இல் தோன்றிய பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பில் பயிற்சிப் பணிகள் உண்டு.

மாணவர்கள் விருதுகளை ஒதுக்கிவிடுகிறார்கள், அது எனக்கு வருத்தம். அமெரிக்கச் சங்கத்தின் நம் பிரிவு, மாணவர் கட்டுரைக்கென்றே ஜேம்ஸ் டி. தாம்ப்சன் பெயரில் விருது தருகிறது. இத்தகைய பல விருதுகளுக்கு நம்மை நாமே பரிந்துரைத்துக்கொள்ளலாம், விதிகளைப் படித்துவிட்டு அனுப்புங்கள்.

படி 7: வாரம் அரை மணி நேரம்

செய்திமடல்களுக்கென்று மின்னஞ்சலில் தனிக் கோப்புறை வைத்து, வாரத்தில் ஒரு நாள் மட்டும் அதைத் திறங்கள். பொருந்துவதை நாட்காட்டியில் ஏற்றுங்கள், மற்றதை அழித்துவிடுங்கள். ஆய்வாளரைத் தனியாக அடையாளம் காட்டும் ஆர்க்கிட் (ORCID) எண் இல்லையென்றால் இன்றே பெறுங்கள், இலவசம்தான், விண்ணப்பங்களில் கேட்பார்கள். அனுப்பியது திரும்பி வந்தால் மதிப்பீட்டாளர் குறிப்புகளை இரண்டு நாள் கழித்து மறுபடி படியுங்கள். அவற்றில் நியாயமானதைத் திருத்தி, நாட்காட்டியில் அடுத்து வரும் தேதிக்கு அதே கட்டுரையை அனுப்புங்கள்.