கணினியைக் கைமாற்றும் முன்: டிஸ்க் வகையைப் பார்த்து அழியுங்கள்

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 ஏறாத லேப்டாப்பை அக்கா மகனுக்குக் கொடுக்கலாம், டர்பன் சாட்ஸ்வொர்த்தில் ஒரு தமிழ் வகுப்புக்குத் தரலாம், கம்ட்ரீ இணையதளத்தில் விளம்பரம் போட்டு விற்கலாம். யாருக்குப் போனாலும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான்: உள்ளே இருப்பது எந்த வகை டிஸ்க்? அதைப் பார்க்காமல் கிடைத்த மென்பொருளை ஓடவிட்டால் ராத்திரி முழுக்க வீணாகும். இல்லாவிட்டால் அழிந்தது என்று நினைத்தது அழிந்திருக்காது.

எதற்கு இவ்வளவு பாடு என்று தோன்றினால் டவுன்லோட்ஸ் ஃபோல்டரை ஒருமுறை திறந்து பாருங்கள். ஃபைக்காவுக்காக (வாடிக்கையாளர் யார் என்று சரிபார்க்கச் சொல்லும் சட்டம்) வங்கி கேட்டதும் ஸ்கேன் செய்த அடையாள அட்டை, முகவரிச் சான்றாகக் கொடுத்த தண்ணீர்–மின்சார பில், வரித்துறையான சார்ஸின் இஃபைலிங்கிலிருந்து இறக்கிய ஐடிஏ34 வரி மதிப்பீடு, மூன்று மாத பேங்க் ஸ்டேட்மெண்ட் எல்லாம் அங்கேதான் கிடக்கும். நம் தென்னாப்பிரிக்க 13 இலக்க அடையாள எண்ணின் முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த தேதி. அடுத்த நான்கு, ஆணா பெண்ணா என்பதைச் சொல்லும். இவை ஒரே இடத்தில் சிக்கினால், உங்கள் பெயரில் கடனுக்கு விண்ணப்பிக்க நினைப்பவனுக்கு வேலை பாதி முடிந்த மாதிரி.

டெலீட் செய்து ரீசைக்கிள் பின்னைக் காலி செய்தால், விண்டோஸ் தன் கோப்பு அட்டவணையில் அந்த இடத்தை ‘காலி’ என்று குறித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் அந்த இடத்தின் மேல் வேறொன்று எழுதப்படும்வரை பழையது அப்படியே இருக்கும். குயிக் ஃபார்மட்டும் இதே கதைதான், அட்டவணை மட்டும் புதிதாகிறது. ரெக்கூவா, ஃபோட்டோரெக் போன்ற இலவச மென்பொருள்களை வைத்துப் பள்ளிக்கூடப் பிள்ளையே அதை மீட்டுவிடும்.

அழிக்கும் முன்

வேண்டியதை வேறொரு டிஸ்க்கில் நகலெடுத்து, அந்த டிஸ்க்கை வேறொரு கணினியில் செருகி, நாலைந்து கோப்புகளைத் திறந்து பார்த்துவிடுங்கள். நகலெடுத்ததாகக் காட்டியதை மட்டும் நம்ப வேண்டாம். வரி சம்பந்தப்பட்ட ஆவணங்களை ரிட்டர்ன் கொடுத்த நாளிலிருந்து 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது சார்ஸ் விதி. அவற்றை அழித்துவிட்டுத் தணிக்கைக் கடிதம் வந்தால் சிக்கல்தான். பேஸ்டல் மென்பொருளில் கடைக் கணக்கு எழுதுபவர்கள் இன்னும் கவனமாக இருங்கள். அது தன் தரவை டாக்குமெண்ட்ஸில் வைக்காது. சி டிரைவிலேயே தன் பெயரில் தனி ஃபோல்டர் போட்டுக்கொள்ளும். டாக்குமெண்ட்ஸை மட்டும் நகலெடுத்தவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான். பழைய அவுட்லுக்கில் பாப் முறையில் இறக்கிய மெயிலும் அந்தக் கணினியில் மட்டுமே இருக்கக்கூடும்.

ஒன்ட்ரைவ், கூகுள் டிரைவ் ஃபோல்டர்களுக்குள் போய்க் கோப்புகளைக் கையால் அழிக்காதீர்கள். ஒத்திசைவு ஓடிக்கொண்டிருந்தால் இங்கே அழித்தது கிளவுடிலும் அழியும், உங்கள் போனிலிருந்தும் மறையும். முதலில் கணக்கை அன்லிங்க் செய்யுங்கள். வாட்ஸாப்புக்குப் போனில் ‘லிங்க்ட் டிவைசஸ்’ பட்டியலைத் திறந்து அந்தக் கணினியை வெளியேற்றுங்கள். கூகுள், மைக்ரோசாஃப்ட் கணக்குகளின் சாதனப் பட்டியலிலும் அதை நீக்கிவிடுங்கள்.

கார்ட் ஸ்லாட்டில் எஸ்டி கார்ட், டிவிடி தட்டில் பழைய கல்யாண டிஸ்க், சில லேப்டாப்களில் சிம் கார்ட் இருக்கும். எடுத்துவிடுங்கள். பயாஸுக்கு (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை மென்பொருள்) பாஸ்வேர்ட் போட்டிருந்தால் இப்போதே நீக்குங்கள். இல்லாவிட்டால் வாங்கியவர் பிறகு வந்து கதவைத் தட்டுவார்.

டிஸ்க் எது?

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். ‘பெர்ஃபார்மன்ஸ்’ பக்கத்தில் டிஸ்க் 0, டிஸ்க் 1 என்று வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றின் கீழும் எச்டிடி (சுழலும் ஹார்ட் டிஸ்க்) அல்லது எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத சிப் டிஸ்க்) என்று காட்டும். எத்தனை டிஸ்க் என்பதையும் எண்ணுங்கள். 128 ஜிபி எஸ்எஸ்டியில் விண்டோஸும் 1 டிபி ஹார்ட் டிஸ்க்கில் படங்களும் வைத்து விற்ற லேப்டாப்கள் நிறைய. அவற்றில் சி டிரைவை மட்டும் துடைத்துவிட்டு, கல்யாண ஆல்பத்தோடு டி டிரைவை அப்படியே கொடுத்துவிடுவது அடிக்கடி நடக்கிற பிழை.

சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால்

டிஸ்க் முழுவதும் ஒரே ஒரு முறை மேலெழுதினால் போதும். 35 முறை எழுத வேண்டும் என்ற பேச்சு, பீட்டர் கட்மன் 1996இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையிலிருந்து வந்தது. அது அந்தக் காலத்துப் பதிவு முறைகளுக்கானது. அமெரிக்காவின் தரநிர்ணய அமைப்பான நிஸ்ட் 2014இல் வெளியிட்ட 800-88 வழிகாட்டி, இன்றைய ஹார்ட் டிஸ்க்குக்கு ஒருமுறை பூஜ்யம் எழுதினாலே பொதுவாகப் போதும் என்கிறது. ஏழு முறை, 35 முறை என்று பெருமையாகக் காட்டும் மென்பொருள்கள் உங்கள் மின்சார பில்லைத்தான் ஏற்றும்.

எளிய வழி விண்டோஸின் ரீசெட். செட்டிங்ஸில் ரெக்கவரி பகுதிக்குப் போய் (விண்டோஸ் 11இல் அது சிஸ்டத்துக்குள் இருக்கும்) ‘ரீசெட் பிசி’யைத் தொடங்குங்கள். ‘ரிமூவ் எவ்ரிதிங்’ தேர்ந்தெடுத்து, அடுத்து ‘லோக்கல் ரீஇன்ஸ்டால்’ எடுங்கள். கிளவுட் டவுன்லோட் 4 ஜிபிக்கு மேல் டேட்டா விழுங்கும், ப்ரீபெய்ட் டேட்டாவில் அது கட்டுப்படியாகாது. இனிதான் முக்கியமான இடம். ‘சேஞ்ச் செட்டிங்ஸ்’ என்ற சின்ன எழுத்தைத் தட்டி, ‘கிளீன் டேட்டா’வை ஆன் செய்யுங்கள். அது தானாக ஆன் ஆகியிருக்காது. அதைத் தொடாமல் ரீசெட் செய்தால் கிட்டத்தட்ட குயிக் ஃபார்மட் செய்த மாதிரிதான். அதே திரையில் எல்லா டிரைவுக்கும் சேர்த்து அழிக்கும் தேர்வும் இருக்கும்.

இது வீட்டு உபயோகத்துக்கானது, அரசு அல்லது தொழில்துறைத் தரத்துக்கு ஏற்றதல்ல என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது. 2022 தொடக்கத்தில், ஒன்ட்ரைவ் கோப்புகள் சில ரீசெட்டுக்குப் பின்னும் தங்கிவிட்ட பிழையை ஒப்புக்கொண்டு திருத்தமும் வெளியிட்டது. உறவுக்காரப் பையனுக்குக் கொடுக்க ரீசெட் போதும். முன்பின் தெரியாதவருக்கு விற்பதென்றால் அடுத்த வழியே மேல்.

ஷ்ரெட்ஓஎஸ் என்பது யுஎஸ்பியிலிருந்து பூட் ஆகும் இலவச மென்பொருள். ரூஃபஸ் மென்பொருள் கொண்டு அதை ஒரு பென் டிரைவில் எழுதுங்கள். பயாஸில் செக்யூர் பூட்டை அணைத்து, லேப்டாப்பை ஆன் செய்யும்போது பூட் மெனு விசையை அழுத்துங்கள் (டெல், லெனோவாவில் பெரும்பாலும் எஃப்12, எச்பியில் எஃப்9). அதற்கு முன், நகலெடுத்து வைத்த வெளி டிஸ்க்கைக் கண்டிப்பாகக் கழற்றிவிடுங்கள். இந்த மென்பொருளுக்கு எல்லா டிஸ்க்கும் ஒன்றுதான். அவசரத்தில் பேக்கப்பையே துடைத்தால் மீட்க வழியே இல்லை. பட்டியலில் மாடல் பெயரையும் சீரியல் எண்ணையும் பார்த்து, ஸ்பேஸ் பாரால் டிஸ்க்கைக் குறியுங்கள். எம் அழுத்தி முறையைப் பூஜ்யம் நிரப்புவதாக மாற்றுங்கள், வி அழுத்திக் கடைசிச் சுற்றைச் சரிபார்க்கச் சொல்லுங்கள், ஷிஃப்ட்டோடு எஸ் அழுத்தினால் ஓடத் தொடங்கும். டிஸ்க்கே பட்டியலில் வராவிட்டால் பயாஸில் சாட்டா முறை ரெய்டு என்று இருக்கலாம். ஏஎச்சிஐ என்று மாற்றிப் பாருங்கள்.

பழைய 500 ஜிபி லேப்டாப் டிஸ்க் நொடிக்குச் சராசரி 80 எம்பி எழுதுகிறது என்று வைத்தால் ஒண்ணேமுக்கால் மணி நேரம். சரிபார்ப்பும் சேர்ந்தால் இரட்டிப்பாகும். 1 டிபி டிஸ்க்கைக் கழற்றி யுஎஸ்பி 2.0 கேஸில் போட்டு எழுதினால் நொடிக்கு 30 எம்பி கூடத் தேறாது. ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும். அப்படிக் கழற்றி இன்னொரு விண்டோஸ் கணினியில் மாட்டுபவர்களுக்கு மென்பொருளே வேண்டாம்: டிஸ்க்கின் பார்ட்டிஷன்களையெல்லாம் நீக்கி, முழு அளவுக்கு ஒன்றே போட்டு, ஃபார்மட் செய்யும்போது ‘குயிக் ஃபார்மட்’ டிக்கை எடுத்துவிடுங்கள். விஸ்டா காலத்திலிருந்தே முழு ஃபார்மட் அந்தப் பார்ட்டிஷன் முழுவதும் பூஜ்யம் எழுதுகிறது.

எஸ்எஸ்டி என்றால்

மேலே சொன்ன மேலெழுதும் வித்தை இங்கே நம்பகமில்லை. எஸ்எஸ்டி ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப எழுதித் தேய்ந்துவிடாமலிருக்க, ஒவ்வொரு முறை எழுதுவதையும் உள்ளே வேறு இடத்துக்குத் திருப்பிவிடுகிறது. 240 ஜிபி என்று விற்கும் எஸ்எஸ்டிக்குள் பெரும்பாலும் 256 ஜிபி அளவுக்கு ஃப்ளாஷ் இருக்கும். அந்த உபரி இடம் விண்டோஸின் கண்ணுக்கே தெரியாது. வெளியிலிருந்து முழு டிஸ்க்கையும் பூஜ்யத்தால் நிரப்பினாலும் பழைய துண்டுகள் அங்கே தங்கலாம். போதாக்குறைக்கு எஸ்எஸ்டியின் ஆயுளும் தேய்கிறது.

எஸ்எஸ்டியின் கண்ட்ரோலருக்கே ‘எல்லாவற்றையும் அழி’ என்று உத்தரவு போட வேண்டும். அந்த உத்தரவை அனுப்பப் பல லேப்டாப்களின் பயாஸிலேயே வசதி உண்டு. எச்பியின் அலுவலக மாடல்களில் செக்யூரிட்டி பகுதியில் ‘செக்யூர் இரேஸ்’, டெல்லில் மெயின்டெனன்ஸ் பகுதியில் ‘டேட்டா வைப்’, புதிய திங்க்பேட்களில் ‘திங்க்ஷீல்ட் செக்யூர் வைப்’. பயாஸில் இல்லாவிட்டால் டிஸ்க் தயாரிப்பாளரின் மென்பொருளைப் பாருங்கள்; சாம்சங்குக்கு மெஜிஷியன், குரூஷியலுக்கு ஸ்டோரேஜ் எக்ஸிக்யூட்டிவ். வேலை பெரும்பாலும் சில நொடிகளிலோ நிமிடங்களிலோ முடிந்துவிடும். இவ்வளவு சீக்கிரமா என்று சந்தேகப்பட வேண்டாம், அது அப்படித்தான். ‘ஃப்ரோஸன்’ என்று டிஸ்க் மறுத்தால், பூட் ஆகும்போது பயாஸ் பூட்டிவிட்டது என்று பொருள். கணினியை ஸ்லீப்பில் போட்டு எழுப்பினால் பெரும்பாலும் விட்டுக்கொடுக்கும்.

இந்த வசதி எதுவும் இல்லாத மலிவு லேப்டாப்பில் விண்டோஸ் ப்ரோ இருந்தால், முதலில் டிரைவைக் குறியாக்கிப் பூட்டும் (என்கிரிப்ஷன்) பிட்லாக்கர் போடுங்கள். அது கேட்கும்போது ‘முழு டிரைவையும்’ என்பதையே தேர்ந்தெடுக்க வேண்டும். ‘பயன்படுத்திய இடம் மட்டும்’ என்றால் முன்பு டெலீட் செய்தவை குறியாக்கப்படாமல் நின்றுவிடும். என்கிரிப்ஷன் நூறு சதவீதம் முடிந்தபின் ரீசெட் செய்து, மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமித்த ரெக்கவரி கீயையும் நீக்கிவிடுங்கள். சாவி போனால் உள்ளே மிஞ்சியது பெரும்பாலும் வெறும் குப்பை.

மேக் வைத்திருப்பவர்களுக்கு வேலை குறைவு. ஆப்பிள் சிப் அல்லது டி2 சிப் உள்ள மேக்கில், மாண்டெரே அல்லது அதற்குப் பின் வந்த மேக்ஓஎஸ் இருந்தால், ‘இரேஸ் ஆல் கண்டெண்ட் அண்ட் செட்டிங்ஸ்’ ஒன்றே போதும். தொலைந்த மேக்கைத் தேடும் ‘ஃபைண்ட் மை’ வசதியும் கையோடு அணையும். அணையாமல் விட்டால் ஆக்டிவேஷன் லாக்கில் மாட்டிக்கொள்வார் வாங்கியவர்.

கரண்ட்

லோட் ஷெடிங் ஓய்ந்த மாதங்களிலும் கேபிள் திருட்டும் டிரான்ஸ்ஃபார்மர் பழுதும் ஓய்வதில்லை. ஹார்ட் டிஸ்க்கில் பூஜ்யம் எழுதும்போது கரண்ட் போனால் நஷ்டம் நேரம் மட்டுமே, மறுபடி முதலிலிருந்து ஓடவிடலாம். ரீசெட் நடுவில் நின்றால் விண்டோஸ் எழும்பாமல் போகலாம். யுஎஸ்பியிலிருந்து புதிதாகப் போட வேண்டும். மோசமானது சாட்டா எஸ்எஸ்டியின் செக்யூர் இரேஸ் நடுவில் போவதுதான். தொடங்கும்போது கருவி டிஸ்க்குக்கு ஒரு தற்காலிகப் பாஸ்வேர்ட் போடுகிறது. பாதியில் நின்றால் டிஸ்க் பூட்டியபடியே நின்றுவிடும். அந்தப் பாஸ்வேர்டை நீங்களே கொடுத்து எழுதி வைத்திருந்தால் இரேஸை மறுபடி ஓட்டிப் பூட்டைத் திறக்கலாம். லேப்டாப் பேட்டரியை முழுக்க ஏற்றி, சார்ஜரையும் மாட்டி வையுங்கள். டெஸ்க்டாப்புக்கு யுபிஎஸ் இல்லாமல் தொடங்க வேண்டாம்.

அழிந்ததா?

துடைத்த ஹார்ட் டிஸ்க்கை எச்எக்ஸ்டியில் (டிஸ்க்கில் இருப்பதை எண்களாகக் காட்டும் மென்பொருள்) திறந்து, ஆரம்பம், நடு, கடைசி என்று குதித்துப் பாருங்கள். பக்கம் பக்கமாக 00 00 00 என்றே ஓட வேண்டும். ரீசெட் செய்ததில் புது விண்டோஸ் உட்கார்ந்திருப்பதால் இப்படிப் பார்க்க முடியாது. ரெக்கூவாவை ஆழ்ந்த தேடலில் விட்டு, உங்கள் கோப்புப் பெயர் ஏதாவது வருகிறதா என்று பாருங்கள். எஸ்எஸ்டியில் ரெக்கூவா ஒன்றும் காட்டாததைச் சான்றாக எடுக்காதீர்கள். ட்ரிம் (டெலீட் செய்த இடத்தை எஸ்எஸ்டியே காலி செய்யும் வசதி) வேலை செய்யும் எஸ்எஸ்டி, சும்மா டெலீட் செய்ததையும் அப்படித்தான் காட்டும்.

சங்கம், கோயில், கடை

வீட்டுக் கணினிக்குத் தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டமான போபியா பொருந்தாது. கோயில் கமிட்டிக்கும் கடைக்கும் பொருந்தும். உறுப்பினர் பட்டியல், காவடிக்குப் பெயர் கொடுத்தவர்கள் பட்டியல் எல்லாம் ஒருவரின் மதத்தைக் காட்டுவதால், அந்தச் சட்டத்தின் 26ஆம் பிரிவில் சிறப்புத் தகவல் வகையில் சேரும். 14ஆம் பிரிவு, வைத்திருக்கும் உரிமை முடிந்த தகவலை மீண்டும் படிக்கும்படி சேர்க்க முடியாத வகையில் அழிக்கச் சொல்கிறது. டெலீட் செய்தோம் என்பது அங்கே செல்லாது. டிஸ்க்கின் சீரியல் எண், அழித்த முறை, தேதி, செய்தவர், பக்கத்தில் இருந்தவர் கையெழுத்து என்று அரைப் பக்கம் எழுதி மினிட்ஸ் புத்தகத்தில் ஒட்டி வையுங்கள். கணினியோடு அலுவலகத்தின் பெரிய ஃபோட்டோகாப்பி மெஷினும் போகிறதென்றால் அதற்குள்ளும் ஹார்ட் டிஸ்க் இருக்கலாம். நகலெடுத்த அடையாள அட்டைகள் அதில் தங்கியிருக்கும்.

பழுதான டிஸ்க்

படிக்கும்போது எரர் வரும் டிஸ்க்கை மென்பொருளால் அழித்துவிட்டோம் என்று சொல்ல முடியாது. கெட்டுப்போன செக்டர்களை டிஸ்க் தானே ஒதுக்கிவிடும், மேலெழுதுவது அங்கே போய்ச் சேராது. அதை உடைப்பதே வழி. மூடியின் டார்க்ஸ் திருகுகளுக்குப் பெரும்பாலும் டி8 அல்லது டி6 பிட் வேண்டும். எல்லாவற்றையும் கழற்றியும் மூடி வரவில்லை என்றால் லேபிளுக்கு அடியில் ஒரு திருகு ஒளிந்திருக்கும். 3.5 அங்குல டிஸ்க்கின் தட்டு வழக்கமாக அலுமினியம், மூன்று நான்கு இடத்தில் துளை போடுங்கள். 2.5 அங்குலத்தில் தட்டு பெரும்பாலும் கண்ணாடி. தட்டினால் ஊசி ஊசியாகத் தெறிக்கும், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கைக்குக் கையுறையும் போடாமல் தொடாதீர்கள். எஸ்எஸ்டியில் நடுவில் ஒரு துளை போட்டால் பயனில்லை, ஒவ்வொரு கறுப்புச் சிப்பும் பிளக்க வேண்டும். தீயில் போடுவதும் மைக்ரோவேவில் வைப்பதும் நச்சுப் புகைக்குத்தான் வழி. லேப்டாப் பேட்டரியை முதலிலேயே கழற்றித் தள்ளி வையுங்கள், அதில் டிரில் பட்டால் தீப்பிடிக்கும்.

உடைத்ததையும் குப்பைப் பையில் கட்டிப் போட வேண்டாம். 2021 ஆகஸ்ட் 23 முதல் மின்னணுக் கழிவைக் குப்பைமேட்டில் கொட்ட தென்னாப்பிரிக்காவில் தடை இருக்கிறது. மின்னணுக் கழிவு வாங்கும் மறுசுழற்சி நிலையத்தில் டிஸ்க்கைத் தனியாகவும் பேட்டரியைத் தனியாகவும் கொடுங்கள்.